ரிக்கெட்ஸ் கிளென் பூங்காவில் இரண்டு இரவுகள்: 3.2 மைல் அருவிப் பாதையில் முழங்கால் வலி உள்ளவரை அழைத்துச் செல்லலாமா?

புதுக்கூடாரம் எழுதியது:

வணக்கம். நியூ ஜெர்சியில் வசிக்கும் நாங்கள், பென்சில்வேனியாவில் உள்ள ரிக்கெட்ஸ் கிளென் மாநிலப் பூங்காவில் ஜூன் மாத இறுதியில் வெள்ளி, சனி ஆகிய இரண்டு இரவுகள் கூடாரம் அடித்துத் தங்கவிருக்கிறோம். பதினொரு மாதங்களுக்கு முன்பிருந்தே அங்கே முன்பதிவு செய்யலாம் என்பதால் கோடைக்கால வார இறுதி இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. யாரோ விட்டுக்கொடுத்த ஓர் இடம் தற்செயலாகக் கண்ணில் பட்டது, எடுத்துவிட்டோம். எடுத்த பிறகுதான் கவலை பிடித்துக்கொண்டது, ஏனெனில் எங்களில் யாரும் இதுவரை கூடாரத்தில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

எங்களுடன் ஒன்பது வயது மகளும், ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனாரும் வருகிறார்கள். மாமனாருக்கு வயது 68. நாள்தோறும் இரண்டு மைல் சலிக்காமல் நடப்பார், ஆனால் படி இறங்கும்போது மட்டும் இடது முழங்கால் வலிக்கிறது என்பார். அருவிப் பாதையின் முழுச் சுற்று 7.2 மைல் என்றும், மேற்பகுதிச் சுற்று 3.2 மைல் என்றும் படித்தேன். 3.2 மைல்தானே, மெதுவாக நடந்தால் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. அருவிக்குப் போய்க் குளிக்காமல் திரும்புவதா என்று அவர் இப்போதே துண்டை எடுத்து வைத்துவிட்டார். என் கணக்கு சரியா? கரடி, உண்ணி, இரவுக் குளிர் ஆகியவை பற்றியும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆற்றங்கரை எழுதியது:

அந்தப் பூங்காவுக்கு நான்கு முறை சென்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் கணக்கு தவறு. அந்தப் பாதையை மைலால் அளக்கக் கூடாது, படிகளால் அளக்க வேண்டும்.

கூடாரம் அடிக்கும் இடமும் ஜீன் ஏரியும் மலைக்கு மேலே இருக்கின்றன. லேக் ரோஸ் என்னும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பாதை தொடங்கி, கனோகா கிளென் என்ற பள்ளத்தாக்கு வழியாகக் கீழே இறங்குகிறது. இரண்டு ஓடைகள் கூடும் வாட்டர்ஸ் மீட் என்ற இடத்தில் திரும்பி, கிளென் லீ என்ற மற்றொரு பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறி, ஹைலேண்ட் பாதை வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். சாதாரணமாக மலையேறுபவர் முதலில் ஏறிக் களைத்து, பிறகு இறங்கி இளைப்பாறுவார். இங்கே எல்லாம் தலைகீழ். அருவிகளைப் பார்த்துக்கொண்டே உற்சாகமாக இறங்கிவிடுவோம். கால் ஓய்ந்த பிறகுதான் ஏற்றம் தொடங்கும். நடுவில் முடியவில்லை என்றால் குறுக்கு வழி கிடையாது, வண்டியும் அங்கே வராது.

படிகள் என்று சொன்னேன் அல்லவா, அவற்றைக் கோயில் படிகளைப் போல நினைத்துக்கொள்ள வேண்டாம். 1889 முதல் 1893 வரை நான்கு ஆண்டுகள், அந்த மலையின் கற்களையே அடுக்கி அமைத்த பாதை அது. ஒரு படி அரை அடி உயரம் என்றால் அடுத்தது முழங்கால் உயரம் இருக்கும், அதற்கடுத்தது ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அருவியின் சாரல் எப்போதும் படுவதால் கல்லின் மேல் மெல்லிய பாசி இருக்கும். பார்த்தால் தெரியாது, கால் வைத்தால்தான் தெரியும். 94 அடி உயரமுள்ள கனோகா அருவிக்கு அருகில், புத்தம்புதிய ஓட்டக் காலணி அணிந்திருந்த நான் உட்கார்ந்தபடியே நான்கு படிகள் இறங்கினேன், விரும்பி அல்ல. படி இறங்கும்போது வலிக்கும் முழங்காலை அங்கே கொண்டுபோவது அந்த முழங்காலுக்குச் செய்யும் கொடுமை.

அதற்காக மாமனார் அருவியே பார்க்காமல் திரும்ப வேண்டியதில்லை. பெயரிட்ட அருவிகள் 22 இருப்பதில் பதினெட்டு இந்த மேற்சுற்றில் அடங்கிவிடுகின்றன. மீதி நான்கில் ஒன்றான ஆடம்ஸ் அருவி, மலையடிவாரத்தில் 118ஆம் சாலையை ஒட்டிய வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நூறு அடிகளில் இருக்கிறது. செம்பாறையைக் குடைந்துகொண்டு சுழித்து விழும் அந்த அருவிதான் என் கண்ணுக்கு அங்குள்ளவற்றிலேயே அழகானது. அதே இடத்திலிருந்து எவர்கிரீன் பாதை என்று ஒரு மைல் சுற்று ஒன்றும் தொடங்குகிறது. முன்னூறு ஆண்டுகளைத் தாண்டிய ஹெம்லாக் மரங்கள் அங்கே நிற்கின்றன, பகலிலும் அந்திப்பொழுது போல நிழல் விழுந்திருக்கும். நாள்தோறும் இரண்டு மைல் நடப்பவருக்கு அது பொருத்தமான நடை.

குளியலைப் பொறுத்தவரை குற்றாலத்தை மறந்துவிடச் சொல்லுங்கள். ஓடைகளிலும் அருவிகளிலும் இறங்கிக் குளிப்பதற்குத் தடை உண்டு. ஜீன் ஏரியில் நீந்துவதற்கென்று மணற்கரை ஒன்று இருக்கிறது, துண்டு அங்கே பயன்படும்.

கானகன் எழுதியது:

ஆற்றங்கரை சொன்னதில் பெரும்பாலானவை எனக்கும் உடன்பாடே, ஆனால் குறுக்கு வழி கிடையாது என்று சொல்லிச் சிறுமியையும் பயமுறுத்திவிட வேண்டாம். என் மகன் எட்டு வயதில் அந்தச் சுற்றை முடித்தான், நான்தான் பின்தங்கினேன். மூன்று மணி நேரத்தில் முடியும் என்று எண்ணாமல் நான்கு, ஐந்து மணி நேரம் ஒதுக்கி, காலை எட்டு மணிக்கு முன்பே இறங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்து, குறுகலான படிகளில் எதிரே வருபவருக்கு ஒதுங்கி நிற்பதிலேயே நேரம் போய்விடும். இறங்குவதற்குக் கனோகா கிளென், ஏறுவதற்குக் கிளென் லீ என்ற வரிசையை மாற்ற வேண்டாம். கிளென் லீ இன்னும் செங்குத்தானது. ஈரப் படிகளில் ஏறுவது, இறங்குவதைவிட எவ்வளவோ மேல்.

கரடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே இருப்பவை கருங்கரடிகள். பெரும்பாலும் மனிதரைக் கண்டால் விலகிச் செல்பவை, ஆனால் உணவு வாசனைக்கு வெட்கம் பார்க்காதவை. புளியோதரையோ பற்பசையோ, வாசனை உள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். எல்லாவற்றையும் காருக்குள் வைத்துக் கதவைப் பூட்டுங்கள். மூடிதானே போட்டிருக்கிறது என்று குளிர்ப்பெட்டியை மேசை மேல் விட்டுவிட்டுத் தூங்கினால், கரடி வராவிட்டாலும் ரக்கூன் வரும். எங்கள் முட்டைகளை அப்படித்தான் இழந்தோம். கரடியை நேரில் கண்டால் ஓடாமல், உரக்கப் பேசிக்கொண்டே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகக் கூடாது. ஆஷ் (ash) என்னும் வகை மரங்களை அழிக்கும் பச்சை வண்டு இந்த நாட்டில் இவ்வளவு தூரம் பரவியதற்கு, மனிதர்கள் வண்டியில் ஏற்றிச் சென்ற விறகும் ஒரு முக்கியக் காரணம். பூங்காவுக்கு அருகிலேயே வாங்கி, அங்கேயே எரித்து முடித்துவிடுங்கள். பென்சில்வேனியாவின் மாநிலப் பூங்காக்களில் மது அருந்த அனுமதி இல்லை என்பதையும் உடன் வருபவர்களிடம் சொல்லி வையுங்கள்.

செவ்வந்தி எழுதியது:

இருவரும் பாதையைப் பற்றியே எழுதிவிட்டார்கள். முதன்முறை கூடாரத்தில் தங்குபவர்களை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது பாதை அல்ல, முதல் இரவு.

ஏரி இருக்கும் இடம் ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில் இருக்கிறது. நியூ ஜெர்சியில் மின்விசிறி போட்டுத் தூங்கும் ஜூன் மாதத்தில், அங்கே விடியற்காலையில் 50 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கியதைக் கண்டிருக்கிறேன். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் குளிர் கீழே தரையிலிருந்து ஏறும். காற்று மெத்தை மட்டும் போட்டால் அதற்குள் இருக்கும் காற்றே சில்லிட்டுவிடும், அதன்மேல் நுரைப்பாயோ கம்பளியோ விரித்த பிறகே படுக்க வேண்டும். உங்கள் மாமனாருக்குக் கம்பளித் தொப்பியும் காலுறையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். தரையில் படுத்து எழுவது முழங்காலுக்குச் சிரமம் என்றால், மடக்குக் கட்டில் நுழையும் உயரமுள்ள கூடாரமாகப் பாருங்கள். கூடாரத்தை ஒருமுறை வீட்டுக் கொல்லையில் அடித்துப் பார்த்துவிடுவதும் நல்லது. மழைத்தூறலில், இருட்டில், காகிதத்தில் அச்சிட்ட படத்தைப் பார்த்துக் கம்பி கோத்த அனுபவம் எங்களுக்கு ஒன்று போதும்.

உண்ணி விஷயத்தில் கரடியைவிட அதிகக் கவனம் வேண்டும். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் இளம்பருவம் கசகசா அளவே இருக்கும், அது மிகுதியாகத் திரியும் காலமும் நீங்கள் செல்லும் காலமும் ஒன்றே. நீண்ட கால்சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகுங்கள். உடைகளுக்கும் காலணிகளுக்கும் முந்தைய நாளே 0.5 சதவீத பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லியைத் தெளித்து உலர்த்துங்கள். அது துணிக்குரியது, தோலில் தடவக் கூடாது. மாலையில் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம், தலைமுடி வேர் ஆகிய இடங்களைப் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி வைப்பது போன்ற வைத்தியங்கள் வேண்டாம். கூர்முனை முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்தால் போதும். நோய்க்கிருமி உடலுக்குள் செல்ல உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றன்று மாலையே பார்ப்பதில் பொருள் இருக்கிறது.

மூன்று மூன்று இலைகளாக வளரும், தொட்டால் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் பாய்சன் ஐவி கொடியையும் மகளுக்குப் படத்தில் காட்டி வையுங்கள். மாமனாருக்கு விளக்க எளிய வழி உண்டு, சேங்கொட்டையின் குடும்பம் என்று சொன்னால் கிட்டவே போகமாட்டார். வேறு வார்த்தைக்கு அவசியமே இருக்காது.

புதுக்கூடாரம் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை காலையில் மனைவியும் மகளும் லேக் ரோஸிலிருந்து மேற்சுற்றுக்குச் செல்வது, நானும் மாமனாரும் ஆடம்ஸ் அருவியையும் எவர்கிரீன் பாதையையும் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரே ஒரு ஐயம்: பாதையில் இருப்பவர்களோடு கைப்பேசியில் பேச முடியுமா?

ஆற்றங்கரை எழுதியது:

பள்ளத்தாக்குக்குள் அலைவரிசையை நம்ப வேண்டாம். எத்தனை மணிக்கு, எந்த வண்டி நிறுத்துமிடத்தில் சந்திப்பது என்பதைப் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள், அவர்கள் கையில் காகித வரைபடம் ஒன்றும் இருக்கட்டும். அடிவாரத்துக்கும் ஏரிக்கும் இடையே 487ஆம் சாலை மிகவும் செங்குத்தானது, திரும்பி இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து ஓட்டுங்கள்.

புதுக்கூடாரம் எழுதியது:

குறித்துக்கொண்டேன். மாமனாரிடமும் படித்துக் காட்டினேன். துண்டைப் பையிலிருந்து எடுக்க மறுத்துவிட்டார், ஏரி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் கேட்டார்.