சார்ஜ்: மின்னூட்டமா, மின்னேற்றமா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

அவசரமாக ஓர் உதவி. எங்கள் வட்டாரப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மின்சாரக் கார்களுக்கு சார்ஜர்கள் பொருத்தியிருக்கிறார்கள். குடியிருப்பாளர்களுக்கான அறிவிப்பை நான்கு மொழிகளிலும் ஒட்ட வேண்டும். தமிழ் என்னிடம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஒரே பக்கம்தான், ஆனால் அதில் ஐந்து இடங்களில் 'சார்ஜ்' வருகிறது. காருக்கு சார்ஜ் போடுவது, அதற்கு வாங்கும் சார்ஜ், சார்ஜ் முடிந்தும் வண்டியை எடுக்காதவருக்குக் கூடுதல் சார்ஜ், இன்சார்ஜாக இருப்பவரின் தொலைபேசி எண், கருவியைச் சேதப்படுத்தினால் நீதிமன்றத்தில் சார்ஜ் செய்யப்படலாம் என்ற எச்சரிக்கை. கட்டணம், பொறுப்பாளர், குற்றஞ்சாட்டு என்று மற்றவற்றை எழுதிவிட்டேன். முதலாவதில்தான் நிற்கிறேன். மின்னூட்டம் என்றும் பார்க்கிறேன், மின்னேற்றம் என்றும் பார்க்கிறேன். 2030க்குள் சிங்கப்பூர்த் தீவு முழுவதும் 60,000 சார்ஜர்கள் என்பது அரசாங்கத்தின் இலக்கு. அத்தனை இடத்திலும் ஒரு தமிழ்ச் சொல் நிற்கப்போகிறது. அது ஒரே சொல்லாக இருக்கட்டுமே.

அ.க., பொங்கோல்

* * *

அக்கா, மின்னூட்டம் வேண்டாம்.

நான் தமிழ்நாட்டில் தமிழ்வழியில் இயற்பியல் படித்தவள். அங்கே பாடநூலில் மின்னூட்டம் என்பது ஓர் அளவு. கூலூம் என்ற அலகால் அளப்போம். எலக்ட்ரானுக்கு எதிர் மின்னூட்டம், புரோட்டானுக்கு நேர் மின்னூட்டம். பலூனைத் தலைமுடியில் தேய்த்தால் அது மின்னூட்டம் பெறும்.

கார் பேட்டரியில் நடப்பது அதுவல்ல. சார்ஜ் ஏறும்போது ஒரு முனையில் எத்தனை எலக்ட்ரான் உள்ளே போகிறதோ, மறுமுனையில் அத்தனையும் வெளியே வருகிறது. முழுதாக ஏறிய பேட்டரிக்கும் காலியான பேட்டரிக்கும் நிகர மின்னூட்டம் ஒன்றுதான், சுழி. உள்ளே சேர்வது வேதியியல் ஆற்றல். அதனால்தான் காசையும் கூலூமுக்கு வாங்காமல் கிலோவாட்-மணிக்கு வாங்குகிறார்கள். ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியிருக்கிறது. நாமும் அந்தக் குழப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமா? அளவுக்கு மின்னூட்டம், செயலுக்கு மின்னேற்றம் என்று பிரித்துவிடலாம்.

இங்கே பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தமிழ்ச் சொல் அவர்கள் காதில் விழுவது தமிழ் வகுப்பில் மட்டும்தான். வாய்மொழித் தேர்வுக்குப் பசுமைப் போக்குவரத்து பற்றிப் பேசச் சொன்னால் அந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். எனக்கும் ஒரு சொல் வேண்டும்.

ம.வே., உட்லண்ட்ஸ்

* * *

ஆசிரியை சொல்லும் பிரிவினை அழகாக இருக்கிறது. ஆனால் அது பாக்கு நீரிணையைத் தாண்டாது.

நாங்கள் இலங்கையில் படித்த பௌதிகத்தில் அந்தக் கூலூம் அளவுக்குப் பெயரே ஏற்றம். நேர் ஏற்றம், மறை ஏற்றம். எலக்ட்ரானை இலத்திரன் என்போம். ஆக உங்கள் மின்னேற்றமும் எங்களுக்கு அதே குழப்பத்தைத்தான் தரும். எந்தச் சொல்லை எடுத்தாலும் ஏதோ ஒரு கரையில் அது ஏற்கெனவே அளவுக்குக் கொடுக்கப்பட்டாயிற்று.

ஆனாலும் என் வாக்கு மின்னேற்றத்துக்கே. காதுக்குப் பழகிய சொல்.

இ.கு., பிடோக்

* * *

அன்பர்களே,

அடிச்சொல்லைத் தொடாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். சார்ஜ் என்பதன் அடி, சுமை. இலத்தீனில் கார்ருஸ் என்றால் வண்டி. அதில் பாரம் ஏற்றுவது கார்ரிகாரே. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சார்ஜ் ஆயிற்று. கார் என்ற சொல்லும் கார்ருஸின் வழிவந்ததே, கார்கோவும் அப்படியே. காருக்கு சார்ஜ் போடுகிறோம் என்றால், அடிப்பொருளில், வண்டியில் பாரம் ஏற்றுகிறோம்.

மற்றப் பொருள்கள் எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது சார்ஜ். 1740களின் இறுதியில் பெஞ்சமின் பிராங்க்ளின் லைடன் ஜாடிகளில் மின்சாரத்தைச் சேர்த்தபோது இந்தப் பீரங்கிச் சொல்லைத்தான் ஆண்டார். ஜாடிகளின் வரிசைக்கு பேட்டரி என்று பெயர் வைத்ததும் பீரங்கி வரிசையை நினைத்தே. ஒருவர் தலையில் வேலையை ஏற்றினால் இன்சார்ஜ், கணக்கில் தொகையை ஏற்றினால் கட்டணம், ஒருவர் மேல் பழியை ஏற்றினால் வழக்கு.

தமிழ் இதே வழியில் தானாகவே நடந்திருக்கிறது, பாருங்கள். பொறை என்றால் சுமை, அதனோடு பிறந்தது பொறுப்பு. வரியையும் குற்றத்தையும் 'சுமத்துகிறோம்'. பதவியை 'ஏற்கிறோம்'. அ.க. அவர்களின் ஒரு பக்க அறிவிப்பில் உள்ள அத்தனை சார்ஜும் தமிழிலும் சுமைச் சொற்களாகவே அமைய முடியும்.

சரி, வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு வள்ளுவர் எந்த வினையை ஆள்கிறார்?

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்.

பெய்! மயிற்பீலியானாலும் அளவு மீறிப் பெய்தால் அச்சு முறியும். ஆண்டாளும் 'மூட நெய் பெய்து முழங்கை வழிவார' என்கிறாள். கலத்தில் நிறைப்பது, வண்டியில் நிறைப்பது இரண்டுக்கும் பெய் உண்டு. ஆகவே என் பரிந்துரை: மின்பெய்தல், மின்பெய்வி, மின்பெய் நிலையம். 'மின்பெய்' ஈரசையில் முடிகிறது, புணர்ச்சிச் சிக்கலும் இல்லை.

கூடவே ஒன்று. சரக்கு, கார்கோ, சார்ஜ். இந்த மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். நம் துறைமுகங்களில் யவனர் ஏற்றிச் சென்றது மிளகை மட்டும்தானா, அதற்கான சொல்லையும் சேர்த்தா என்று நெடுங்காலமாக யோசித்து வருகிறேன்.

செ.ரா., ஈசூன்

* * *

ஈசூன் ஐயாவுக்கு வணக்கம்.

குறள் மிகப் பொருத்தம். நான் வாடகைக் கார் ஓட்டுகிறேன், மின்சார வண்டி. அதிவேக சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் போனால் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். பேட்டரியைக் காப்பாற்றத்தான். 'சால மிகுத்துப் பெயின்' என்பது அங்கே சரியாக உட்கார்கிறது.

ஆனால் மின்பெய் நிலையம் என்று பலகையில் பார்த்தால் நான் இடியும் மழையும் என்று நினைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவேன்.

நாங்கள் பேசுவதை எழுதுகிறேன், கேளுங்கள். 'சார்ஜ் போட்டிருக்கேன்.' 'எவ்வளவு ஏறியிருக்கு?' 'ஏறவே மாட்டேங்குது.' 'மத்தியானத்துக்குள்ள இறங்கிடுச்சு.' 'சார்ஜ் நிக்கல.' ஏறும், இறங்கும், நிற்கும். கைப்பேசி வந்த நாளிலிருந்து இதுதான் தமிழ். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என்னைக் கேட்டால் சார்ஜ் என்றே பலகையில் போடுங்கள். என் அம்மாவுக்கும் புரியும், புதிதாக வந்த கட்டுமான ஊழியருக்கும் புரியும். பலகை படிக்கத்தானே?

த.நா., தெம்பனிஸ்

* * *

தம்பி, பலகை படிக்கத்தான். ஆனால் சிங்கப்பூரில் அது நிற்கவும் வேண்டும். தமிழ் இங்கே ஆட்சிமொழி. அந்த நான்காவது வரியில் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தால், வரி எதற்கு என்ற கேள்வி வரும். மின்தூக்கி என்று எழுதியபோது யார் வாயில் இருந்தது? எல்லாரும் லிஃப்ட் என்றோம். இன்று புளோக்குக் கீழே அறிவிப்பைப் பார்க்கும் எவரும் மின்தூக்கியில் நின்று யோசிப்பதில்லை. பெருவிரைவு ரயிலும் அப்படித்தான் நிலைத்தது. இந்த ஊர் சொற்களை எழுதி எழுதியே பழக்கியிருக்கிறது.

நான் ஊட்டின் பக்கம். ஊட்டு என்பது உண் என்பதன் பிறவினை. தமிழில் எத்தனை உயிரோடு பிள்ளை பெறும் வினை அது! நினைவூட்டு, அறிவூட்டு, வண்ணமூட்டு, குளிரூட்டி. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஒரு பொருளுக்குள் செலுத்தி அதன் இயல்பை மாற்றுவதற்கு ஊட்டைவிடப் பொருத்தமான வினை நமக்கில்லை. அகநானூற்றில் 'ஊட்டி அன்ன ஒண்தளிர்ச் செயலை' என்று வரும். அசோகின் தளிர், சிவப்புச் சாயம் ஊட்டியதுபோல இருக்கிறதாம். சாயம் உள்ளே இறங்குவதுபோல மின்சாரம் உள்ளே இறங்குகிறது. ஏற்றுவது மேலே வைப்பது. மின்சாரம் வண்டிக் கூரையிலா உட்கார்ந்திருக்கிறது?

மேலும் ஏற்றம் என்றால் முதலில் விலையேற்றம்தான் நினைவுக்கு வரும். கார் நிறுத்துமிடத்தில் 'மின்னேற்றக் கட்டணம்' என்று ஒட்டினால், மின்கட்டணம் ஏறிவிட்டது என்று பெரியவர்கள் நகர மன்றத்துக்குத் தொலைபேசி எடுப்பார்கள்.

வ.சு., ஜூரோங்

* * *

ஜூரோங் அண்ணன் சொன்ன கட்டணச் சிக்கல் உண்மையானது, அதைக் கவனிக்க வேண்டும். ஊட்டு விஷயத்தில் மட்டும் ஓர் இலக்கணத் தடை.

கருவியின் திரையில் என்ன வரும்? 'சார்ஜ் ஆகிறது', 'சார்ஜ் முடிந்தது'. இதற்குத் தன்வினை வேண்டும். ஏறு, ஏற்று என்று தன்வினையும் பிறவினையும் இணையாக இருக்கின்றன. மின்னேறுகிறது, மின்னேற்றுகிறோம், முடிந்தது. ஊட்டுக்குத் தன்வினை உண் அல்லவா? கார் மின்சாரம் உண்கிறது என்று எழுத முடியாது. மின்னூட்டப்படுகிறது என்று 'படு' போட்டு இழுக்க வேண்டும். தெம்பனிஸ் தம்பி கொடுத்த பேச்சு வழக்கு எல்லாமே ஏறு, இறங்கு. மக்கள் ஏற்கெனவே வினையைத் தமிழில் தேர்ந்துவிட்டார்கள், பெயர்ச்சொல் மட்டும்தான் ஆங்கிலம். அந்த வினையைப் பிடித்துக்கொண்டு மேலே போவோம்.

ஈசூன் ஐயா, சரக்கு பற்றி. மன்னிக்க வேண்டும், அது நிற்காது. இலத்தீன் சொல் ககர ஒலியில் தொடங்குகிறது. சகரம் பின்னால் பிரெஞ்சில் வந்த திரிபு. நம் சரக்குக்கோ கன்னடத்திலும் தெலுங்கிலும் சகர முதலோடு இணைச்சொற்கள் இருக்கின்றன. சார்ஜில் தலை ஒத்துப்போகிறது, கார்கோவில் வால் ஒத்துப்போகிறது. இரண்டு சொற்களிலிருந்து ஒத்த பாதிகளை எடுத்து ஒட்டினால் எதையும் எதனோடும் சேர்க்கலாம்.

ம.வே.

* * *

அம்மா, ககரம் சகரமாவது தமிழுக்கு அந்நியமா? கேரளம் சேரலம் என்ற இணை உண்டே. கன்னடத்தில் கிவி, நமக்குச் செவி. அங்கே கெறெ (ஏரி), இங்கே சிறை (அணை). ஆகவே சரக்கின் பழைய வடிவம் ககரத்தில் தொடங்கியிருக்கக் கூடாதா என்பதே என் கேள்வி.

செ.ரா.

* * *

ஐயா, அந்த மாற்றம் இகர எகரங்களின் முன்னால் நடப்பது. செவியும் கிவியும் அதற்குத்தான் சான்று. சரக்கில் ககரத்தை அடுத்து அகரமல்லவா வரவேண்டும்? கல், கண், கரை எதுவும் சல், சண், சரை ஆகவில்லையே.

ம.வே.

* * *

இருவரும் இதைத் தனி இழையில் தொடருங்கள், நானும் படிப்பேன். அ.க.வுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது.

ஏற்றம் என்றதும் எனக்கு நினைவு வருவது துலா. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றம், அதற்கென்றே பாட்டு. அடியிலிருந்து ஒன்றை மேலே கொண்டுவந்து வேண்டிய இடத்தில் சேர்ப்பது. ஜூரோங் அண்ணன் கேட்ட கூரைக் கேள்விக்கு இது போதும் என்று நினைக்கிறேன். விளக்கேற்றும்போது சுடரை விளக்கின் தலையில் தூக்கி வைப்பதில்லை. கடன் ஏறும்போது அது தோளில் தெரிவதில்லை.

சொல்லை ஒட்டி எழுதுவதா, பிரித்தா என்பதையும் முடிவு செய்யுங்கள். தனிக்குறில் முன் ஒற்று இரட்டும் என்பது நமக்குத் தெரியும். வேகமாகப் படிப்பவருக்கு 'மின்னேற்று' என்பதில் மின் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

இ.கு.

* * *

ஒட்டியே எழுதுங்கள். மின்னஞ்சலைப் பிரித்தா எழுதுகிறோம்? நா. கோவிந்தசாமி இந்த ஊரிலிருந்து தமிழை இணையத்தில் ஏற்றி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. 'மின்' முன்னொட்டைப் படிக்கத் தெரியாதவர் இன்று யாரும் இல்லை.

வ.சு.

* * *

அனைவருக்கும் நன்றி. நேரம் முடிந்துவிட்டதால் கையில் இருப்பதை வைத்து முடிவெடுக்கிறேன்.

தலைப்பில் 'மின்சாரக் கார் மின்னேற்றுமிடம்'. கருவி மின்னேற்றி. செயலுக்கு மின்னேற்று, திரைக்கு மின்னேறுகிறது. மின்னேற்றம் என்ற பெயர்ச்சொல்லை அறிவிப்பில் எங்குமே தனியாக வைக்கவில்லை. கட்டண வரியை 'ஒரு கிலோவாட்-மணிக்குக் கட்டணம்' என்று மாற்றிவிட்டேன், விலையேற்றக் குழப்பம் வராது. முடிந்தும் எடுக்காத வண்டிக்குத் 'தாமதக் கட்டணம்'. முதல் வரியில் மட்டும் ஒருமுறை, மின்னேற்ற என்பதை அடுத்து அடைப்புக்குள் 'சார்ஜ் செய்ய' என்று தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். தெம்பனிஸ் தம்பியின் அம்மாவுக்காக. அடுத்த அறிவிப்பில் அதை எடுத்துவிடலாமா என்று அப்போது பேசுவோம்.

அ.க.

* * *

நல்லது. மாணவர்களுக்கும் இதையே கொடுக்கிறேன். தேர்வில் மின்னூட்டம் என்று எழுதினாலும் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

ம.வே.

* * *

அடைப்புக்குள் போட்டதே போதும், அக்கா. நன்றி. ஆனால் இன்னொரு அவசரம். சொருகும் அந்தத் தலைக்கு அறிவிப்பில் என்ன எழுதினீர்கள்? செருகியா, முனையா? நாங்கள் 'கன்' என்கிறோம்.

த.நா.

* * *

என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மின்னேற்றி நிலைத்துவிடும், தெரிகிறது. ஆனால் குளிரூட்டியும் மின்னேற்றியும் ஒரே வீட்டில் இருக்கும்போது, ஒன்றுக்கு ஊட்டு, மற்றதற்கு ஏற்று ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால் 'படு' போட வேண்டியிருந்தது என்ற பதில் எனக்குப் போதவில்லை.

சொருகும் தலைக்குச் செருகி சரி. 'கன்' வேண்டாம், தம்பி.

வ.சு.

* * *

ஏன் வேண்டாம்? மருந்து கெட்டிக்கும் சொல்லிலிருந்துதானே இவ்வளவும் வந்தது. துப்பாக்கியைக் குறிக்கும் துமுக்கி என்ற சொல்லைப் பரிசீலிக்கலாம். விரிவாக நாளை எழுதுகிறேன்.

செ.ரா.