வெள்ளைத் தட்டைப்பயற்று விதைக்கு மட்டும் முளைப்புக் குறைவது ஏன்?

கேள்வி (காங்கேயம், மானாவாரி விவசாயி):
வணக்கம். எங்கள் மேட்டாங்காட்டில் விளைந்த செம்பழுப்புத் தட்டைப்பயற்றையும் வெள்ளைத் தட்டைப்பயற்றையும் ஒரே களத்தில் காயவைத்து, வேப்பந்தழையிட்டு, சாளையின் (தோட்டத்து வீட்டின்) ஒரே மூலையில் தனித்தனி மொடாக்களில் (பெரிய பானைகளில்) வைத்திருந்தோம். ஓராண்டு கழித்து நூறு நூறு விதைகளை ஊறவைத்து ஈரச் சாக்கில் சுருட்டிப் பார்த்ததில், பழுப்பில் பத்துப் பன்னிரண்டுதான் தவறின. வெள்ளையில் பாதிகூட முளைக்கவில்லை. இரண்டிலும் வண்டு இல்லை. கறுத்த விதைதான் காலம் தாங்கும் என்று அப்பாரு (தாத்தா) சொல்வார். நிறத்துக்கு அப்படி ஒரு வலு உண்டா?

பதில் 1 (கோவை, விதை நுட்பம் படித்தவர்):
அப்பாரு சொன்னது பெரும்பாலும் சரியே. பழுப்பும் கறுப்பும் தரும் டானின் போன்ற பீனால் பொருள்கள் தோலை இறுக்கி நீர் புகுவதைத் தாமதப்படுத்துகின்றன. பூஞ்சையையும் ஓரளவு தடுக்கின்றன. வெள்ளை விதையின் தோலோ பெரும்பாலும் மெல்லியது, பருப்போடு ஒட்டாமல் தளர்ந்திருப்பது. இருப்பில் முதுமையடைந்து செல்சவ்வு நலிந்த விதைக்குள் நீர் திடீரென்று பாயும்போது சவ்வு கிழிந்து, சர்க்கரையும் உப்பும் வெளியே கசிகின்றன. ஆகவே உங்கள் வெள்ளை விதையில் ஒரு பகுதி மொடாவிலேயே சாகாமல், நீங்கள் ஊறவைத்த தண்ணீரில் செத்திருக்கலாம். ஒரு கிண்ணத்தில் இரண்டையும் ஊறப்போட்டுப் பாருங்கள். பிறகு வெள்ளையை ஊறவைக்காமல், இரவு முழுவதும் ஈரத்துணிகளுக்கிடையே வைத்து, மெல்ல ஈரமேற்றி, மணலில் விதையுங்கள்.

பதில் 2 (உடுமலை, கொண்டைக்கடலை விவசாயி):
எங்கள் கரிசலில் பழுப்புக் கடலைக்கும் வெள்ளைக் கடலைக்கும் இதே வேறுபாடு உண்டு. வெள்ளையின் தோல் காகிதம்போல மெல்லியது. ஆனால் நிறத்தை நம்பி, விதையைக் காயவைப்பதைத் தளர்த்திவிடாதீர்கள். ஈரப்பதம் 14 முதல் 5 விழுக்காடு வரையான எல்லைக்குள் ஒவ்வொரு விழுக்காடு குறையும்போதும் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதை ஆய்வாளர் ஹாரிங்டன் வகுத்த விதி. பயறு விதையைச் சாக்கில் வைக்க 9 விழுக்காடும், காற்றுப் புகாத கலனில் அடைக்க 8 விழுக்காடும் உச்ச வரம்பு. இன்னொன்று, வெளிர்நிற விதை பழையதாகும்போது தோல் பழுப்பேறுவதும் உண்டு. அதை இயல்பான அடர்நிறமென்று எண்ணி விதைக்கு எடுக்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஊறப்போட்டுப் பார்த்தேன். அரைமணி நேரத்துக்குள் வெள்ளை விதைகளின் தோல் கிழவியின் விரல்போலச் சுருங்கி, தண்ணீர் கலங்கிவிட்டது. பழுப்பு விதைகளில் பல அப்போதும் வழவழவென்றே கிடந்தன. ஈரத்துணியில் வைத்து மணலில் போட்ட வெள்ளையில் இன்றைக்கு ஆறாம் நாள், முன்பைவிடக் கூடுதலாக முளை தெரிகிறது. மொடாவில் மிச்சமிருப்பதை மறுபடி வெயிலில் காயவைத்து, வாய் இறுக அடைக்கப் போகிறேன்.