லிங்க்கைப் பரப்புமுன் பானைப் பக்கங்களைச் சரிசெய்யுங்கள்

அன்புள்ள சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

தன் மண்பாண்டத் தொழிலுக்கு இணையதளம் தொடங்கிவிட்டதாகத் தம்பி மடல் போட்டதிலிருந்து "பகிர்ந்துவிட்டேன்", "நானும் நாலு குழுவில் போட்டுவிட்டேன்" என்று பதில்கள் வந்தபடி இருக்கின்றன. நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாம் அனுப்பும் லிங்க்கைத் தொட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் நம் முகத்துக்காகப் பார்ப்பவர்கள். "அருமை" என்று ஒரு கைதட்டலைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தம்பிக்கு வேண்டியவர் வேறொருவர். வாய் அகன்ற பூச்சாடி ஒன்று வேண்டும் என்று ராத்திரியில் போனில் தேடிக்கொண்டிருக்கும் முன்பின் தெரியாத ஆள். அவரைக் கூட்டிவரும் வேலையில் முக்கால்வாசி தளத்துக்குள்ளேயே நடக்க வேண்டியது. நான் பிழைப்புக்கு இணையதள வேலை செய்கிறவன் என்பதால், பார்த்தவரை சொல்கிறேன்.

தம்பி, முதலில் அந்த "எங்கள் படைப்புகள்" பக்கம். இருக்கிற எல்லாப் படங்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கியிருக்கிறீர்கள். பார்க்க அழகுதான், தேடுபொறிக்கு அதில் பிடிமானமே இல்லை. படங்களுக்குக் கேமரா கொடுத்த எண்தான் பெயர், கீழே ஒரு வரி எழுத்துகூட இல்லை. குவளைக்கு ஒரு பக்கம், பூச்சாடிக்கு ஒரு பக்கம், விளக்குக்கு ஒரு பக்கம் என்று பிரியுங்கள். பெரிய துண்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. பக்கத் தலைப்பில் "முகப்பு" என்று இருப்பதை மாற்றி, என்ன பொருள், என்ன நிறம், யார் செய்தது என்று எழுதுங்கள். பக்கத்தின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் குறிச்சொற்களை அடுக்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

அப்புறம், என்ன எழுதுவது என்று திகைக்க வேண்டாம். பானையைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாதவர் என்னென்ன கேட்பாரோ அதற்குப் பதில் எழுதினால் போதும். உயரம், வாய் அகலம், எத்தனை மில்லிலிட்டர் பிடிக்கும், எடை எவ்வளவு. உள்ளே மெருகு பூசியதா, பூசாததா. தண்ணீர் ஊற்றி வைத்தால் கசியுமா. இந்தக் கடைசிக் கேள்விக்கே ஒரு பத்தி எழுதலாம். 1000 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுட்ட மெருகில்லாத மண் நுண்துளையோடுதான் இருக்கும், வெளிப்பக்கம் ஈரம் பூக்கும், மேசையில் வளையமாகக் கறை விழும். 1200 டிகிரிக்கு மேல் சுடும் ஸ்டோன்வேர் மண் இறுகிப் போவதால் அந்தத் தொல்லை மிகக் குறைவு. இது உங்களுக்குச் சூளைப் பக்கத்து சாதாரணப் பேச்சு. வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரியாமல் வாங்கி, மேசை நனைந்ததும் "ஓட்டைப் பானை" என்று எழுதிவிட்டுப் போவார். மைக்ரோவேவில் வைக்கலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள். ஈரம் உறிஞ்சியிருக்கும் மண் அதில் கடுமையாகச் சூடேறும், விரிசலும் விடலாம்.

அளவு விஷயத்திலும் அப்படித்தான். காய்ந்து வெந்து முடிவதற்குள் மண் 10 சதவீதம் சுருங்குவது சகஜம், மண்ணுக்கு மண் அது மாறும். ஒரே நாளில் சக்கரத்தில் ஏற்றிய ஆறு குவளைகளும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் வராது. அதை மறைக்க வேண்டியதில்லை. "சில மில்லிமீட்டர் முன்பின் இருக்கும், சூளையில் வைத்த இடத்தைப் பொறுத்து நிறமும் கொஞ்சம் மாறும்" என்று பொருளுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இப்படி எழுதிய வரிகள்தாம் தேடி வருகிறவரை உங்களிடம் சேர்க்கும். தேடுகிறவர் பெரும்பாலும் கடைப் பெயரைத் தட்டுவதில்லை, தன் சந்தேகத்தைத்தான் தட்டுகிறார்.

கைவினைக்காரர்கள் தளங்களில் அடிக்கடி பார்க்கும் ஒரு பழக்கம்: பானை விற்றதும் பக்கத்தையே அழித்துவிடுவது. அழிக்காதீர்கள். அந்தப் பக்கத்தை யாரோ ஒருவர் எங்கோ பகிர்ந்திருப்பார், கூகுள் அதைக் குறித்து வைத்திருக்கும். அழித்தால் வருகிறவர் "பக்கம் இல்லை" என்று சொல்லும் 404 பிழையைப் பார்த்துத் திரும்பிவிடுவார். "இது விற்றுவிட்டது" என்று பெரிதாகப் போட்டு, அதே குடும்பத்து வேறு மூன்று பொருளுக்கு லிங்க் கொடுங்கள். இதே மாதிரி செய்து தரக் கேட்க ஒரு பொத்தானும் இருக்கட்டும். பக்கத்தின் முகவரியை மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாகவே கொண்டுபோகும் 301 திருப்பம் வைக்கச் சொல்லுங்கள், தளம் கட்டியவருக்கு அது தெரிந்திருக்கும்.

படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். மெருகில் வெள்ளைப் புள்ளி விழுந்து நிறத்தையே கெடுக்கும். ஜன்னலோரம், வெயில் நேரே படாத வெளிச்சம், பின்னால் சாம்பல் நிறத் தாளோ துணியோ போதும். ஒரு படத்தில் கை இருக்கட்டும், அளவு சட்டென்று புரியும். அடிப்பாகத்தையும் ஒரு படம் எடுங்கள், அங்கேதான் உங்கள் முத்திரை இருக்கிறது. படக் கோப்பின் அளவைக் குறைத்து ஏற்றுங்கள். தளங்களின் போன் வடிவத்தைத்தான் கூகுள் இப்போது முதன்மையாகப் பார்க்கிறது. உங்கள் முகப்புப் படம் என் போனில் மேலிருந்து கீழே ஊர்ந்து இறங்குகிறது.

இன்ஸ்டாகிராமில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் படத்துக்குக் கீழே எழுதும் முகவரியைத் தொட்டால் எங்கும் போகாது. ஒரு நாளில் மறையும் ஸ்டோரியை விட்டால் சுயவிவரத்தில்தான் லிங்க் வைக்க முடியும், 2023 முதல் ஐந்து வரை வைக்கலாம். பின்டரெஸ்டில் அப்படியில்லை, படத்தைத் தொட்டு அப்படியே பொருளின் பக்கத்துக்கு வந்துவிடலாம், போட்ட படம் மாதக்கணக்கில் கண்ணில் பட்டுக்கொண்டும் இருக்கும். 1000-க்கு 1500 பிக்சல் என்று நெட்டுவாக்கில் போடுங்கள். பானைத் தொழிலுக்கு இரண்டில் ஒன்றுதான் நேரம் இருக்கிறது என்றால் நான் பின்டரெஸ்டைத்தான் சொல்வேன். வீடியோவுக்குச் சக்கரத்தில் மண் எழும்புவதையும் சூளை திறப்பதையும் எடுங்கள். முகம் காட்டிப் பேச வெட்கமாக இருந்தால் பேச வேண்டாம், கை தெரிந்தால் போதும்.

தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்து, சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்) கொடுத்துவிடுங்கள். இலவசம்தான். அதன் பிறகு சில நாளோ சில வாரமோ ஆகும், தினமும் தேடிப்பார்த்து மனசு உடையாதீர்கள். "ஆயிரம் தேடுபொறியில் சேர்த்துத் தருகிறோம்", "ஐந்நூறு லிங்க் தருகிறோம்" என்று வரும் மடல்களைத் திறக்காமலே தள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய லிங்க்குகளால் 2012-இல் கூகுள் தன் தேடலில் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது தேடலில் காணாமல் போன தளங்கள் ஏராளம். காரணத்தோடு வரும் லிங்க் நாலு போதும்: உங்களுக்கு மண் கொடுப்பவர், உங்கள் பொருளை வைத்து விற்கும் கடை, நீங்கள் கலந்துகொண்ட கண்காட்சி, தோட்டம் பற்றி எழுதும் யாராவது. கேட்டால் தருவார்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் இருப்பதுதான் வழக்கம். பட்டறைக்கு ஆள் வந்து வாங்குவதுண்டு என்றால் கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலும் வேண்டும். இணையத்தில் மட்டும் விற்றால் அது கிடையாது.

விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். இருப்பதே கொஞ்சம் பானை, காசு கொடுத்துக் கூட்டிவந்த ஆள் "விற்றுவிட்டது" என்பதைப் பார்த்துவிட்டுப் போனால் யாருக்கு லாபம்? அதைவிட, வாங்கினவரின் பெட்டிக்குள் கியூஆர் அச்சடித்த சின்ன அட்டை ஒன்று போடுங்கள். அதில் மின்னஞ்சல் கேளுங்கள், விருப்பப்பட்டவர் கொடுக்கட்டும். அடுத்த சூளை திறக்கும்போது அவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகப் படம் அனுப்புங்கள். பானைக்காரருக்கு மடல் அனுப்பக் காரணம் தேட வேண்டியதே இல்லை, ஒவ்வொரு சூளையும் ஒரு செய்திதான்.

இனி நமக்கு. வாங்காத பொருளுக்கு ஐந்து நட்சத்திரம் போடாதீர்கள். கூகுள் விதிப்படி அது போலி விமர்சனம், பிடிபட்டால் நஷ்டம் தம்பிக்கு. வாங்கினவர்கள் உள்ளதை எழுதுங்கள், பெட்டி எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் சேர்த்து. உடையாமல் வருமா என்ற பயம்தான் பலரைக் கடைசிப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறது. உங்கள் நாட்டிலிருந்து போனில் தளத்தைத் திறந்து, ஒரு பொருளைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் இடம் வரை போய்ப் பாருங்கள். அனுப்பும் செலவு எந்த இடத்தில் தெரிகிறது, உங்கள் நாணயத்தில் காட்டுகிறதா, உங்கள் முகவரியை ஏற்றுக்கொள்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்கை ஒட்டினால் படம் வருகிறதா என்றும் பாருங்கள். எனக்கு வெறும் முகவரிதான் வந்தது. பகிர்வதற்கான படத்தைத் தளத்தில் இன்னும் குறிக்கவில்லை போலிருக்கிறது. அதைச் சரிசெய்யும் வரை பகிர்வதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம்.

பார்த்ததை எல்லாருக்கும் பதிலாக அனுப்பாமல் தம்பிக்கே தனி மடலில் எழுதுங்கள், போன் திரையைப் படம் பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) இணைத்தால் இன்னும் உதவி. மண்பொருள் விற்கும் கடையோ தோட்டக் கடையோ யாருக்காவது பழக்கம் என்றால் அதையும் எழுதுங்கள். தளத்தில் கை வைக்க ஆள் வேண்டுமென்றால் வார இறுதியில் என்னைக் கூப்பிடுங்கள், தம்பி.

அன்புடன்,
உங்களில் ஒருவன்