மாருதி 800-க்கு வீட்டிலேயே பெயிண்ட்: கையில் 10 ஆயிரம்தான், எதில் ஆரம்பிக்கலாம்?

கடலூர்க்காரன்:

வண்டி 2006 மாருதி 800, சாதா வெள்ளை, மெட்டாலிக் இல்லை. ஆர்.சி. புதுப்பிக்க இன்னும் மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள நாலு பேர் பார்க்கிற மாதிரி ஆக்கணும். பானட்டும் கூரையும் வெளுத்து, கை வெச்சா சுண்ணாம்பு மாதிரி ஒட்டுது. நாலு கதவோட அடி ஓரத்திலும் துரு. இடது ரன்னிங் போர்டுல (கதவுக்குக் கீழ ஓடுற தகடு) ஒரு இடம் ஊதியிருக்கு. பின் இடது மட்கார்டுல உள்ளங்கை அளவு ஒடுக்கு.

1 ஹெச்.பி. கம்ப்ரஸர் (25 லிட்டர் டேங்க்) இரவல் கிடைக்கும். ஸ்ப்ரே கன் வாங்கணும். கூரை போட்ட கார் ஷெட் இருக்கு, மூணு பக்கம் திறந்தது. பட்ஜெட் 10 ஆயிரம், அதிகபட்சம் 12.

கேள்விகள்: என்.சி.யா (தின்னர் ஆவியானாலே காயிற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்), சிந்தடிக்கா (எண்ணெய் சார்ந்த எனாமல்), 2கே-யா (ஹார்டனர் கலந்து அடிக்கிற ரெண்டு பாகப் பெயிண்ட்)? எவ்வளவு வாங்கணும்? பழைய பெயிண்ட் முழுக்க உரிக்கணுமா?


பட்டிப்பலகை:

பெயிண்ட் வாங்குற முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க சார். பஞ்சுல என்.சி. தின்னர் நனைச்சு, பானட், ஒரு கதவு, பின் மட்கார்டு மூணு இடத்திலும் அரை நிமிஷம் அழுத்தித் தேய்ங்க. பஞ்சுல கொஞ்சம் வெள்ளைப் பொடி மட்டும் வந்து, அடியில கெட்டியா நின்னா அது கம்பெனி பெயிண்ட், இல்லன்னா 2கே. அதுக்கு மேல எதையும் அடிக்கலாம். பெயிண்ட் கரைஞ்சு பிசுபிசுன்னு பஞ்சோட வந்தா யாரோ ஏற்கெனவே என்.சி. அடிச்சிருக்காங்க. தோல் மாதிரி சுருங்கி எழும்பினா சிந்தடிக் எனாமல். அந்த இடத்துல என்.சி. அடிச்சா பூராவும் சுருங்கிடும். ஒண்ணு உரிச்சு எடுக்கணும், இல்லன்னா நீங்களும் சிந்தடிக்லயே போகணும்.

கம்பெனி பெயிண்ட் கெட்டியா இருந்தா உரிக்கவே வேண்டாம். அதைவிட நல்ல அஸ்திவாரம் உங்களால போட முடியாது. 320 வாட்டர் பேப்பரை (தண்ணி விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) சோப்புத் தண்ணியோட போட்டுப் பளபளப்பு போற வரைக்கும் தேய்ச்சா போதும்.

துருவுலதான் நேரம் போகும். ஸ்க்ரூ டிரைவர் முனையால ரன்னிங் போர்டு ஊதின இடத்தைக் குத்திப் பாருங்க. உள்ள போச்சுன்னா அது ஓட்டை. ஓட்டை மேல பட்டி (பள்ளம் நிரப்புற பசை) போடாதீங்க. உள்பக்கமா தண்ணி ஏறி ஒரே மழைக்காலத்துல பட்டி தகடோட கழண்டு விழும். டிங்கர்கிட்ட கொடுத்து அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தகடு வெச்சு வெல்டிங் பண்ணுங்க. பட்ஜெட்ல முதல் செலவு இதுக்குத்தான்.

ஓட்டை விழாத இடத்துல கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி, பெயிண்ட் ஓரம் உப்பியிருக்கிற இடத்தையும் தாண்டி ரெண்டு விரல் அகலம் நல்ல தகடு தெரியுற வரைக்கும் போங்க. குழிக்குள்ள கருப்பா நிக்கிற துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் ரிமூவர் தடவி, பாட்டில்ல சொன்ன நேரம் விட்டு, தண்ணியில கழுவி உடனே துடைச்சுக் காயவைங்க. கடலூர்க் காத்துக்கு வெறும் தகட்டை ராத்திரி விட்டு வெச்சா காலையில மறுபடி மஞ்சள் பூத்திருக்கும். அன்னிக்கே எபாக்ஸி பிரைமர் ஏத்திடணும்.

இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. ஹார்டுவேர் கடையில கிடைக்கிற சிவப்பு ரெட் ஆக்ஸைடு, கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற சமாச்சாரம். அது எண்ணெய் சார்ந்தது. அதுக்கு மேல என்.சி. போனா தின்னர் அதை ஊதவெச்சுத் தூக்கிடும். ரெண்டு பாகமா வர்ற எபாக்ஸி பிரைமர் அரை லிட்டர் வாங்கினா உங்க துரு இடங்களுக்குத் தாராளம்.

அப்படியே கதவு அடியில இருக்கிற வடிகால் ஓட்டையைக் கம்பி விட்டுக் குத்தி விடுங்க. கதவு அடி துரு பிடிச்சதுக்குக் காரணமே அதுதான். மண் அடைச்சு உள்ள தண்ணி நின்னிருக்கும்.


உருளைபோதும்:

கம்ப்ரஸர், கன் எல்லாம் எதுக்கு? நல்ல கம்பெனி சிந்தடிக் எனாமல் 2 லிட்டர், மினரல் டர்பன்டைன் 1 லிட்டர், 4 இன்ச் அடர்த்தியான ஃபோம் ரோலர் அரை டஜன். எனாமலைப் பால் பதத்துக்குக் கரைச்சு (கால் பங்கிலிருந்து மூணில் ஒரு பங்கு டர்பன்டைன்) மெல்லிசா உருட்டணும். முதல் ரெண்டு கோட் பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும், அடி தெரியும். பயப்படாம ஒரு நாளைக்கு ஒரு கோட் வீதம் ஆறு கோட். ரெண்டு கோட்டுக்கு ஒரு தடவை 600 வாட்டர் பேப்பரில் தண்ணி விட்டுச் சமன் பண்ணணும். முட்டை முட்டையாக் குமிழ் வந்தா கலவை கெட்டி. வழிஞ்சா தண்ணி. இதுக்கு ரெட் ஆக்ஸைடு பிரைமரே போதும். காத்துல தூசி பறக்காது, பக்கத்து வீட்டு வண்டி மேல படியாது, மூணு பக்கம் திறந்த ஷெட்டுக்கு இதுதான் பொருந்தும்.


பட்டிப்பலகை:

ரோலர் முறை வேலை செய்யும், மறுக்கலை. பச்சை, நீலம், கருப்புன்னா நானே அதைத்தான் சொல்வேன். வெள்ளையில ஒரு வம்பு இருக்கு: எண்ணெய் சார்ந்த எனாமல் வெளிச்சம் படாத இடத்துல மஞ்சளாகும். கவர் போட்டு ஷெட்ல நிறுத்துற வெள்ளைக் காரு நாளாக ஆக பழுப்பேறும். ரெண்டாவது, அது உள்ளுக்குள்ள கெட்டியாக வாரக்கணக்குல ஆகும், பாலிஷ் போட ஒரு மாசம் பொறுக்கணும். மூணாவது, நாளைக்கு ஒரு கதவு அடிபட்டு ஒர்க்‌ஷாப்புல கொடுத்தா, மேல மத்த பெயிண்ட் அடிச்சதும் இந்த எனாமல் சுருங்கி எழும்பும். பெயிண்டர் முதல்ல உங்களைத் திட்டிட்டுத்தான் வேலையைத் தொடுவார்.


தின்னர்வாசம்:

2கே பத்திக் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலை. தரம் பார்த்தா 2கே பி.யூ.தான் (பாலியூரிதேன்) முதல். ஆனா அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. கன்னில் அடிக்கும்போது அது நுண் துளியா நுரையீரலுக்குள்ள போனா ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை உடம்புக்கு அது ஒவ்வாமை ஆயிட்டா, அப்புறம் கொஞ்சம் பட்டாலே மூச்சு திணறும். அதுக்கு வாசனையும் பெரிசா கிடையாது, அதனால மாஸ்க் ஃபில்டர் தீர்ந்துபோனதும் தெரியாது. வெளியிலிருந்து குழாய்ல சுத்தமான காத்து வர்ற மாஸ்க் வேணும். வீட்டு ஷெட்ல, குழந்தைங்க நடமாடுற இடத்துல வேண்டாம்.

என்.சி.க்கும் எபாக்ஸிக்கும் துணி மாஸ்க், டாக்டர் மாஸ்க் எதுவும் உதவாது. ரெண்டு பக்கமும் கார்பன் கார்ட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க், அதுக்கு முன்னாடி தூசி ஃபில்டர், கண்ணாடி, கையுறை. என்.சி. ஆவி நெருப்புக்குக் காத்துக்கிட்டிருக்கும். ஷெட்டை ஒட்டி சமையலறை ஜன்னல் இருந்தா அடுப்பை அணைங்க, வீட்டுக்குள்ள எரியிற சாமி விளக்கையும். கம்ப்ரஸரை பத்தடி தள்ளி வைங்க, அதோட சுவிட்ச் ஒவ்வொரு தடவையும் தீப்பொறி விடும்.


கடலூர்க்காரன்:

சோதனை பண்ணிட்டேன். பின் மட்கார்டுல மட்டும் பெயிண்ட் கரைஞ்சு வந்துடுச்சு, மத்த இடமெல்லாம் கெட்டி. ரன்னிங் போர்டுல ரெண்டு விரல் போற ஓட்டை, டிங்கர்கிட்ட சொல்லியாச்சு. என்.சி.ன்னு முடிவு. அளவும் அடிக்கிற முறையும் சொல்லுங்க. ஒடுக்கை பட்டியாலயே நிரப்பலாமா?


பட்டிப்பலகை:

மட்கார்டுல முன்னாடி யாரோ என்.சி. அடிச்சிருக்காங்க. அதை மட்டும் தின்னர்ல கரைச்சு உரிச்சுடுங்க, ஒடுக்கு எடுக்க எப்படியும் தகடு தெரியணும்.

ஒடுக்கை முழுக்கப் பட்டியால நிரப்பாதீங்க. டிக்கிக்குள்ள இருந்து மரக்கட்டை வெச்சுத் தட்டி, 3 மில்லிமீட்டருக்குள்ள ஆழம் குறைஞ்சதும் பட்டி. தகட்டை 80 எமரியால கீறி, பாலியஸ்டர் பட்டி போடணும். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர். கோலிக்குண்டு கணக்குல பிதுக்கக் கூடாது. அதிகமாப் போட்டா சீக்கிரம் கெட்டியாகும்னு ஆசைப்பட்டா, மிச்ச ஹார்டனர் மேல கசிஞ்சு வெள்ளைப் பெயிண்டுல மஞ்சள் திட்டா நிக்கும். இந்த வெயிலுக்குக் கலந்த பட்டி அஞ்சு நிமிஷம் கூடத் தாங்காது, எலுமிச்சம்பழ அளவுக்கு மேல ஒரே தடவை கலக்காதீங்க. காய்ஞ்ச பட்டியைத் தண்ணி விட்டுத் தேய்க்காதீங்க, உறிஞ்சி வெச்சுக்கும். மரக்கட்டையில 80 சுத்தி உருவம் கொண்டு வந்து, 180, 320 என்று காய்ஞ்ச நிலையிலேயே போகணும். கையால தேய்ச்சா விரல் தடம் அலையலையா விழும். என்.சி. பட்டி ஊசிமுனை ஓட்டைக்கு மட்டும். அது சுருங்கும் சரக்கு, தடிமனா வெச்சா ஒரு மாசத்துல பள்ளம் தெரியும்.

அளவு: என்.சி. சர்ஃபேஸர் (பெயிண்டுக்கு அடியில சமன்படுத்த அடிக்கிற பூச்சு) 2 லிட்டர், வெள்ளை 3 லிட்டர், நல்ல தின்னர் 8 லிட்டர், கன் கழுவ மட்டமான தின்னர் 2 லிட்டர், பட்டி 1 கிலோ, ரப்பிங் காம்பவுண்ட் ஒரு டப்பா. வாட்டர் பேப்பர் 320, 600, 1000, 1500, 2000 ஒவ்வொன்றிலும் ஆறு, 320 மட்டும் பத்து. வெள்ளையில நூறு வெள்ளை இருக்கு. பெட்ரோல் மூடியைக் கழட்டிக் கடைக்கு எடுத்துட்டுப் போய், காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்ச பக்கத்துக்கு ஒப்பிட்டுக் கலக்கச் சொல்லுங்க. நிறத்தை மாத்தணும்னு தோணினா அடக்கிக்கோங்க, ஆர்.சி.யிலயும் மாத்த வேண்டி வரும்.

கன் 1.4 நாஸில், மேல டப்பா வெச்சது. உங்க 1 ஹெச்.பி. தொடர்ந்து அடிக்கத் தாங்காது. ட்ரிகர் இழுத்த நிலையில 35-40 பி.எஸ்.ஐ. இருக்கணும். டேங்க் இறங்கினா துளி பெரிசாகி ஆரஞ்சுத் தோல் மாதிரி விழும். அரை பானட் அடிச்சு நிறுத்தி, ஏறவிட்டு அடிங்க. என்.சி. அவசரப்படுத்தாது, அதுதான் அதுல வசதி. குழாய்க்கும் கன்னுக்கும் நடுவுல வாட்டர் ட்ராப் கட்டாயம், தினமும் டேங்க் அடி வால்வைத் திறந்து தண்ணி வடிங்க.

சர்ஃபேஸர் மூணு கோட். மறுநாள் மேல கருப்பு பெயிண்டைத் தின்னர்ல நிறையக் கரைச்சு மழைச்சாரல் மாதிரி தூவுங்க. 600-ல தண்ணி விட்டுத் தேய்க்கும்போது கருப்பு நிக்கிற இடமெல்லாம் பள்ளம். கண்ணுக்குத் தெரியாத அலையை இது காட்டிக் கொடுக்கும்.

வெள்ளை: ஒரு பங்கு பெயிண்ட், ஒரு பங்கு தின்னர், கடைசி கோட்டுக்கு ஒண்ணரை பங்கு. ஒரு சாண் தூரம், போன வரிசையில பாதியை மூடி அடுத்த வரிசை. கோட்டுக்கு 10-15 நிமிஷ இடைவெளி, மொத்தம் 5-6 கோட். கூரை, ஒரு பக்கம், டிக்கி, மறுபக்கம், கடைசியா பானட். மாத்தி அடிச்சா முடிச்ச இடத்துல தூள் படிஞ்சு சொரசொரக்கும்.


தின்னர்வாசம்:

நேரம் முக்கியம். உங்க ஊருல காலையில 7 மணிக்குத் தகட்டில் பனி ஈரம் இருக்கும். தின்னர் ஆவியாகிற வேகத்துல தகடு குளிர்ந்து காத்தோட ஈரத்தை இழுக்கும். பெயிண்ட் மேல பால் படலம் மாதிரி வெளுக்கும். கருப்புல அது உடனே தெரியும், வெள்ளையில தெரியாது, மங்கலா மட்டும் நிக்கும். நீங்க பாலிஷ் பத்தலைன்னு நினைப்பீங்க. ஒன்பதரைக்கு மேல ஆரம்பிச்சு, கடல் காத்து ஏறுறதுக்கு முன்னாடி முடிங்க. மழை மேகம் இருந்தா அன்னிக்குக் கன்னைத் தொடாதீங்க. மங்கிப்போனா நல்ல வெயில் நாள்ல ரிடார்டர் (காயிற வேகத்தைக் குறைக்கிறது) கலந்த தின்னரை மட்டும் ஒரு மெல்லிய கோட் தூவினா பெரும்பாலும் தெளியும்.

தூசிக்குத் தரையில தண்ணி தெளிப்பாங்க. தெளிங்க, ஆனா ஒரு மணி நேரம் முன்னாடி, லேசா. டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் ரெண்டையும் ஷெட் பக்கமே கொண்டு வராதீங்க. அதுல இருக்கிற சிலிக்கான் ஒரு துளி பட்டாலும் பெயிண்ட் வட்டமா விலகிக் குழி குழியா நிக்கும்.


உருளைபோதும்:

சரி, கன்னே ஆகட்டும். மாஸ்கிங்ல ஒண்ணு: லைட், வைப்பர், சைடு மிரர், கைப்பிடி எல்லாம் கழட்டிடுங்க, டேப் ஒட்டுற நேரத்துல பாதிதான் ஆகும். முன் கண்ணாடி பீடிங்கை மட்டும் கழட்ட வேண்டாம். அதோட உதட்டுக்கு அடியில துணி காயப்போடுற பிளாஸ்டிக் கயிறைச் சுத்திலும் செருகினா ரப்பர் தூக்கி நிக்கும், பெயிண்ட் அடியில போகும். பிறகு கயிறை உருவினா ஓரம் தெரியாது. நியூஸ் பேப்பர் ஒரு தாள் போதாது, தின்னர் ஊறி மை கீழ இறங்கும். ரெண்டு தாள் வைங்க.


கடலூர்க்காரன்:

கருப்பு பிளாஸ்டிக் பம்பரையும் சேர்த்து அடிக்கலாமா? பாலிஷ் எப்போ போடலாம்?


பட்டிப்பலகை:

பம்பர் கருப்பாவே இருக்கட்டும். அந்த பிளாஸ்டிக்குக்குத் தனி பிரைமர் இல்லாம அடிச்சா முதல் பிரஷர் வாஷ்ல பாம்புச் சட்டை மாதிரி உரியும்.

பாலிஷுக்கு ஒரு வாரம் பொறுங்க. தின்னர் முழுக்க வெளியேறும்போது படலம் இறங்கி 600 கீறல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அதுக்கப்புறம் தேய்ச்சாத்தான் நிலைக்கும். 1000, 1500, 2000 சோப்புத் தண்ணியோட, பிறகு காம்பவுண்ட். மடிப்பு ஓரங்கள்ல டேப் ஒட்டிட்டுத் தேய்ங்க, அங்கதான் முதல்ல பிரைமர் தெரியும். மெழுகு ரெண்டு மாசம் கழிச்சு. கதவு, ரன்னிங் போர்டு உள்பக்கம் கேவிட்டி வேக்ஸ் (துரு பிடிக்காம உள்ள அடிக்கிற மெழுகு) இப்போ வேண்டாம், பெயிண்ட் வேலை முழுக்க முடிஞ்ச பிறகு அடிங்க. முன்னாடியே அடிச்சா வடிகால் ஓட்டை வழியாக் கசிஞ்சு ஓரத்துல பெயிண்ட் பிடிக்காது.

பெட்ரோல் போடும்போது மூடிக்குக் கீழ ஒரு துணி பிடிச்சுக்கச் சொல்லுங்க. என்.சி. மேல பெட்ரோல் வழிஞ்சு காய்ஞ்சா கறை நிக்கும். அரை லிட்டர் வெள்ளையைக் கலக்காம, காத்துப் புகாம மூடி எடுத்து வைங்க, அடுத்த கீறலுக்கு அதே நிறம் கடையில கிடைக்காது.