உதவி: ஆயா நோட்டு டீ பன் உப்பவே மாட்டேன் என்கிறது (அவசரம்)

பன்பசி:
வணக்கம். எங்கள் ஆயாவின் நோட்டைப் பார்த்து இனிப்பு டீ பன் செய்கிறேன். உப்பவே இல்லை. மேலே கருகுகிறது, உள்ளே பச்சை மாவு. ஞாயிறு அத்தை வருகிறார், இந்த பன்தான் வேண்டுமாம். நோட்டில் உள்ளபடியேதான் எல்லாம் போட்டேன். என்ன பிரச்சினை? சீக்கிரம் ப்ளீஸ்.

ஓடிஜி ராணி:
நோட்டில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மைதா எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு, என்ன ஈஸ்ட், ஓவனா குக்கரா?

கொரட்டூர் குமார்:
தண்ணீர்தான். மெட்ரோ வாட்டர் குளோரின் ஈஸ்டைக் கொன்றுவிடும். கேன் தண்ணீரில் பிசைந்து பாருங்கள்.

ஓடிஜி ராணி:
குமார் அண்ணா, இட்லி மாவு பொங்கவில்லை என்று ஒருவர் கேட்டபோதும் இதையேதான் சொன்னீர்கள். நான் மெட்ரோ தண்ணீரில்தான் பிரெட் போடுகிறேன். ஒரு குறையும் இல்லை.

மாஸ்டர் மூர்த்தி:
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. ஈஸ்ட் செத்துப்போயிருக்கும், வேறென்ன. வெதுவெதுப்பான பாலில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு போட்டால் பத்து நிமிடத்தில் நுரைக்க வேண்டும். இது அரிச்சுவடி.

பன்பசி:
ஆபீஸில் இருக்கிறேன், சுருக்கமாக. ஈஸ்ட் புது பாக்கெட், நன்றாக நுரைத்தது. ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின் ஓவன்), 220 டிகிரி. நோட்டில் இருப்பது: மைதா 2 சேர், சர்க்கரை 4 பலம், வெண்ணெய் 1 பலம், ஜாதிக்காய், பால் வேண்டிய மட்டும், ஈஸ்ட் நாலணாவுக்கு. கடைசியது புரியாததால் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 ஸ்பூன் போட்டேன். பெரம்பூரில் ஓர் ஆங்கிலோ-இந்தியர் வீட்டில் சமையல் வேலை பார்த்தபோது ஆயா கற்றுக்கொண்டது.

திண்டிவனத்தான்:
நாலணாவுக்கு ஈஸ்ட்! அந்தக் காலத்தில் ஈஸ்ட் ஏது? கள்ளைத்தான் அப்படி மறைத்து எழுதியிருப்பார்கள். கள் ஊற்றினால் பன் பஞ்சு மாதிரி வரும்.

ஓடிஜி ராணி:
எந்தக் காலத்தில்? 1948 முதல் 1971 வரை இங்கே மதுவிலக்கு. பெரம்பூரில் கள்ளுக்கு எங்கே போவது?

திண்டிவனத்தான்:
மதுவிலக்கு இருந்தால் கள் கிடைக்காதா? நல்ல கதையாக இருக்கிறதே. அதோடு நாலணா என்றால், அணா போய் நயா பைசா வந்த 1957-க்கு முந்தைய நோட்டு என்றும் ஆகலாம்.

ஓடிஜி ராணி:
நயா பைசா வந்த பிறகும் 25 பைசாவை எல்லோரும் நாலணா என்றுதான் சொன்னார்கள். 2011-இல் அந்தக் காசே செல்லாமல் போகும்வரை எங்கள் அம்மா அப்படித்தான் சொன்னார். அதை வைத்து நோட்டுக்கு வயது சொல்ல முடியாது.

மாஸ்டர் மூர்த்தி:
பன்னைப் பற்றிப் பேசுகிறோமா, மதுவிலக்கைப் பற்றியா?

நங்கநல்லூர் தாத்தா:
தம்பி, ஒன்று கேட்கிறேன். 2 சேர், 4 பலம் என்பதை எத்தனை கிராமாக எடுத்துக்கொண்டீர்கள்?

பன்பசி:
சேர் அரைக் கிலோ, பலம் 100 கிராம். சரிதானே சார்?

நங்கநல்லூர் தாத்தா:
அங்கேதான் இருக்கிறது சங்கதி. நம் ஊர்க் கணக்கில் ஒரு பலம் 35 கிராம். எட்டு பலம் ஒரு சேர், அதாவது 280 கிராம். ஐந்து சேர் ஒரு வீசை. (வடக்கத்திச் சேர் வேறு, அது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆக, மைதா 560 கிராம், சர்க்கரை 140, வெண்ணெய் 35. நீங்கள் ஒரு கிலோ மாவில் 400 கிராம் சர்க்கரையைக் கொட்டியிருக்கிறீர்கள். அவ்வளவு சர்க்கரை ஈஸ்டுக்கு வேண்டிய நீரை உறிஞ்சிக்கொள்ளும், ஈஸ்ட் வேலை செய்யாது. மேலே சீக்கிரம் கருகுவதற்கும் அதே சர்க்கரைதான் காரணம்.

ஓடிஜி ராணி:
அடடா! தாத்தா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 140 கிராமே கனமான இனிப்புதான், அதனால் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 10 கிராம் போடுங்கள். பால் 280 மில்லியில் தொடங்குங்கள். பிசையும்போது மாவு கையில் பிசுபிசு என்று ஒட்டும், பயந்துபோய் மைதாவைத் தூவ வேண்டாம். சர்க்கரை கரையக் கரைய மாவு இன்னும் இளகும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் விடாமல் பிசைந்தால் ஒட்டுவது குறையும். அப்புறம்தான் வெண்ணெய். ஒரு துண்டைப் பிய்த்து விரலால் மெல்ல விரித்தால், கிழியாமல் மறுபக்கம் வெளிச்சம் தெரிய வேண்டும். இந்த வெயிலில் பாலைச் சூடாக்கவே வேண்டாம். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள், இரண்டு மடங்கானால் போதும். 60 கிராம் உருண்டைகள், 180 டிகிரி, 18 நிமிடம். 220 வேண்டாம்.

மாஸ்டர் மூர்த்தி:
ஈஸ்ட் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

ஓடிஜி ராணி:
செத்துவிட்டது என்றுதானே சொன்னீர்கள் மாஸ்டர்? பாக்கெட்டில் உயிரோடுதான் இருந்தது.

கொரட்டூர் குமார்:
இருந்தாலும் ஒரு தடவை கேன் தண்ணீர்...

திண்டிவனத்தான்:
பாலில் பிசைகிறார் அண்ணா!

பன்பசி:
வந்துவிட்டது. 180 டிகிரி, 17 நிமிடத்தில் எடுத்தேன். ஜாதிக்காய் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றார் அத்தை. நன்றி தாத்தா, நன்றி ராணி அக்கா.

நங்கநல்லூர் தாத்தா:
சந்தோஷம். நோட்டில் வேறு பலகாரம் இருந்தால் அந்த அளவுகளையும் போடுங்கள், கிராமில் மாற்றித் தருகிறேன்.

திண்டிவனத்தான்:
அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். ஈஸ்டா கள்ளா என்று பார்த்துவிடுவோம்.