முதல் வக்கீலை எப்படிப் பிடித்தீர்கள்? (அனுபவம் மட்டும், அறிவுரை வேண்டாம்)

செம்பருத்தி

போன வருடம் நடந்தது. இன்னும் ராத்திரியில் விழிப்பு வந்தால் அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

தம்பியை ரிமாண்ட் செய்தபோது மாலை நாலரை மணி. அடிதடி வழக்கு, அதற்குள் போக வேண்டாம். கோர்ட் வாசலில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் “அக்கா, வக்கீல் பார்த்தாச்சா?” என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான். தம்பி வேனில் ஏறுவதற்குள் வக்காலத்தில் அவன் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. பதினைந்தாயிரம் ரூபாயை ஒரு ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து எண்ணிக் கொடுத்தேன். வக்கீலின் முகத்தை மறுநாள்தான் பார்த்தேன்.

பெயில் மனு இரண்டு தடவை தள்ளுபடி. அப்புறம், ஜெயிலில் தம்பியைப் பார்க்கப் போன இடத்தில் வரிசையில் நின்ற ஓர் அம்மாதான் அந்த அறுபது நாள் விஷயத்தைச் சொன்னார்: அதற்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் பெயில் கேட்டு வாங்குவது உரிமையாம். அதுவரை வக்கீல் வாயிலிருந்து அது வரவே இல்லை. வீட்டுக்கு வந்து காலண்டரில் எண்ணினேன். புதன்கிழமையோடு அறுபது முடிகிறது, குற்றப்பத்திரிகை வரவில்லை. வியாழன் காலை எட்டு மணிக்கே போன் அடித்தேன். “இன்னைக்கு வேற கோர்ட்ல இருக்கேன்மா, நாளைக்குப் போட்டுக்கலாம். ஒரு நாள்ல என்ன ஆயிடப்போகுது?” என்றார்.

வெள்ளிக்கிழமை பத்தேகால் மணிக்குப் படிக்கட்டில் நிற்கிறேன். ஒரு போலீஸ்காரர் அக்குளில் தடிமனான ஒரு கட்டை இடுக்கிக்கொண்டு ஏறி வந்தார். வெள்ளை நாடா கட்டிய கட்டு. வழியில் நிற்கிறோமே என்று நான்தான் ஒதுங்கி வழிவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு வக்கீல் வந்து மனுவோடு உள்ளே போனவர் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்து, “சார்ஜ் ஷீட் காலையிலேயே வந்திருச்சே” என்றார்.

வழிவிட்டேன். அதுதான்.

பழைய சைக்கிள்

எங்களுக்கு வேறு மாதிரி. எங்கள் வீட்டு நிலம், பாகப்பிரிவினை எல்லாம் பார்த்தவர், உறவில் சித்தப்பா முறை. அண்ணன் மேல் புகார் வந்ததும் “வெளி ஆள் எதுக்கு, நம்ம சித்தப்பா இருக்காரே” என்று அப்பா முடித்துவிட்டார். முன்ஜாமீன் மனு போட்டார்கள்.

அழைத்ததும் நீதிபதி கேட்ட முதல் கேள்வி: “குற்ற எண் என்ன?” சித்தப்பா ஒரு எண்ணைச் சொன்னார். அரசு வக்கீல் எழுந்து, “அது சி.எஸ்.ஆர். எண், மை லார்ட். இன்னும் எஃப்.ஐ.ஆரே போடவில்லை” என்றார். சி.எஸ்.ஆர். என்றால் புகார் வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீதுதான். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். வழக்குப் பதிவாகவில்லை என்று பதிவு செய்து மனுவை முடித்துவிட்டார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாமலும் முன்ஜாமீன் கேட்கலாமாம், ஆனால் கைது பயத்துக்குக் காரணம் காட்ட வேண்டும் என்று பிற்பாடு தெரிந்தது. சித்தப்பா கையில் அந்த ரசீதைத் தவிர ஒன்றும் இல்லை.

அவர் நல்ல மனுஷன். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இப்போதும் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால் சாப்பாட்டுப் பந்திப் பக்கம் போய்விடுகிறார்.

குமாஸ்தா 27

சகோதரி செம்பருத்திக்கு. வருத்தம் புரிகிறது. இருபத்தேழு வருடமாக வக்கீல் ஆபீஸில் கட்டுத் தூக்குகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாப் பழியையும் வக்கீல் தலையில் போடாதீர்கள். ஜூனியர் வராமல் போவது, டைப்பிங் தாமதம், அன்று மாஜிஸ்திரேட் லீவு என்று ஆயிரம் இருக்கும்.

ஆனால் அந்த அறுபது நாள் கணக்கு விளையாட்டில்லை, அது உண்மைதான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 167(2), இப்போது 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் பிரிவு 187. மரண தண்டனை, ஆயுள், பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் 90 நாள், மற்றதற்கு 60. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் மூன்று நீதிபதிகள் தீர்ப்பு. அதற்கு முன்னால் இந்த ஒரு நாளை வைத்து நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். 61-ஆம் நாள் கோர்ட் திறக்கும்போது மனு கையில் இருக்க வேண்டும். மனு போட்ட பிறகு சார்ஜ் ஷீட் வந்தால் உரிமை போகாது. மனு போடுவதற்கு முன்னால் வந்துவிட்டால் போச்சு. என் டைரியில் ஒவ்வொரு ரிமாண்ட் கட்சிக்காரருக்கும் அந்தத் தேதியில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைப்பேன். சரி, உங்கள் வக்கீலின் குமாஸ்தா போடவில்லை போலிருக்கிறது.

அறிவுரை வேண்டாம் என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். இருந்தாலும் இரண்டு வார்த்தை. வாசலில் ஆள் பிடிக்கிறவர் கமிஷன்காரர். வக்கீல் தொழிலுக்கு விளம்பரமே கூடாது என்பது பார் கவுன்சில் விதி, நேரடியாகவும் கூடாது, தரகர் வைத்தும் கூடாது. இணையத்தில் வக்கீல்களுக்கு நட்சத்திரம் போட்டுக் கூவி விற்கிற தளங்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் மெட்ராஸ் ஹைகோர்ட்டே பார் கவுன்சிலுக்கு உத்தரவு போட்டது. “நம்பர் ஒன் கிரிமினல் லாயர்” என்று யாராவது பேனர் வைத்தால், அவர் முதலில் தன் விதியையே படிக்காதவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதும் கூடாது.

பிறகு எப்படித் தேடுவது? ஈ-கோர்ட்ஸ் செயலியில் வக்கீல் பெயரைப் போட்டுத் தேடலாம், அந்தக் கோர்ட்டில் அவர் பெயரில் இருக்கும் வழக்குகள் வரிசையாக வரும். எல்லாம் ஓ.எஸ். என்று வந்தால் அவர் சிவில் ஆள். சி.சி., எஸ்.சி. என்று நிறைய வந்தால் கிரிமினல் ஆள். (பழைய சைக்கிள் தம்பி, உங்கள் சித்தப்பாவைப் போட்டுப் பாருங்கள், புரியும்.) அதைவிட நல்ல வழி, ஒரு நாள் பெயில் கேட்கும் கோர்ட்டில் பின்பெஞ்சில் உட்காருவது. யார் கட்டைப் பிரிக்காமல் பேசுகிறார், யார் நீதிபதி கேட்ட பிறகுதான் பக்கத்தைத் தேடுகிறார் என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். வாய்தாவுக்கு அவரே வருவாரா, ஜூனியர் வருவாரா என்று முதல் நாளே கேளுங்கள். வாடகைக்கு ஜாமீன்தாரர் பிடித்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள், அந்த ஜாமீன்தாரர் காட்டும் சொத்து ரசீது போலி என்று மாட்டினால் அது தனி வழக்கு. இலவச வக்கீல் என்றால் வேலையும் இலவச வேலையாகத்தான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அனுபவம் என்று கேட்டால் என்ன சொல்ல. ஒரு பாட்டி, பேரனுக்காக, கேஸ் கட்டை மழைக்குப் பயந்து உரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கட்டில் எங்கள் சாரைவிட ஒழுங்காகத் தேதி வரிசை இருந்தது.

நிலாவின் அம்மா

குமாஸ்தா சார், அந்த இலவச வக்கீல் வரிக்காகத்தான் உள்ளே வந்தேன். முதலில் என் கதை.

என் கணவரைப் பிடித்தபோது வீட்டில் இருந்தது எண்ணூறு ரூபாய். வக்கீல் யாரும் இல்லை. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். சட்ட உதவி வக்கீல் என்று ஒரு பெண், சின்ன வயசு, கோட்டு தோளில் இறங்கிக் கிடந்தது. இந்தப் பிள்ளையா என்று எனக்கு மனசு விட்டுப் போயிற்று. அந்தப் பெண் கேஸைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் கணவரிடம் போய் மெதுவாக, “சட்டையைத் தூக்குங்க அண்ணா” என்றது. முதுகைப் பார்த்தது. உடனே திரும்பி மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைப் பதிவு செய்யச் சொல்லி, டாக்டரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கியது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வாசலில் காசு கேட்ட யாரும் அவர் முதுகைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இன்னும் உறுத்துவது, அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை.

இலவச வேலை என்கிறீர்கள். 1987-ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், பிரிவு 12 பாருங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருக்கும் யாராக இருந்தாலும் இலவச வக்கீல் உரிமை, அதற்கு வருமானம் பார்ப்பதில்லை. அது பிச்சை இல்லை. சட்ட உதவிக்கு 15100 என்று ஒரு போன் எண் இருக்கிறது, மாவட்டக் கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸும் இருக்கிறது. செம்பருத்தி அக்கா, உங்கள் தம்பி ஜெயிலிலேயே சட்ட உதவி கேட்டிருக்கலாம். அறுபது நாள் பெயிலை வாய்மொழியாகக் கேட்டாலும் செல்லும் என்று 2017-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. குத்திக்காட்டச் சொல்லவில்லை. அடுத்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

தெற்குத்தெரு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொன்னதில்லை.

மகன் காலேஜ் பையன், பைக் இடித்ததில் தகராறு. ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். தெரிந்தவர் சொன்ன வக்கீல் வந்தார். “மேல வரைக்கும் பார்க்கணும் சார், நாற்பது ஆகும்” என்றார். மேலே என்றால் யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கும் தைரியம் இல்லை. மனைவியின் இரண்டு வளையலை வைத்துக் கொடுத்தேன். ராத்திரி பத்து மணிக்குப் பையன் வெளியே வந்தான். வக்கீல் காலில் விழாத குறை.

இரண்டு மாதம் கழித்து வேறு விஷயமாக ஒரு வக்கீலம்மாவிடம் போனபோது, பேச்சோடு பேச்சாக அந்த எஃப்.ஐ.ஆர். காப்பியைக் காட்டினேன். பி.என்.எஸ். சட்டத்தில் 296(பி), 115(2), அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்துக் காயப்படுத்தியது. அவர் படித்துவிட்டு, “இதுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?” என்றார். ஏன் என்றேன். “இரண்டுமே ஜாமீனில் விடக்கூடியது. ஸ்டேஷனிலேயே கையெழுத்து வாங்கிட்டு விட்டாகணும், அது உங்க பையனோட உரிமை” என்றார். ஐந்தாயிரம் என்று பொய் சொன்னேன். அதற்கே அவர் உச்சுக்கொட்டினார்.

மனைவிக்கு இன்னும் தெரியாது. வளையல் இன்னும் திரும்பவில்லை.

கறுப்புக்கோட்டு

நான் மேசைக்கு அந்தப் பக்கம். எட்டு வருடப் பிராக்டிஸ். வக்கீலைத் திட்டும் கதைகள் நடுவில் ஒன்று சொல்லட்டுமா? “சார், நான் அந்த ஊரிலேயே இல்லை” என்று சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார் ஒரு கட்சிக்காரர். அதை நம்பி பெயில் மனுவில் எழுதி, எழுந்து நின்று வாதாடிக்கொண்டிருக்கிறேன். அரசு வக்கீல் சிசிடிவி படம் ஒன்றை நீட்டினார். அதில் நம் ஆள், அதே கட்டம் போட்ட சட்டை. அன்று கோர்ட்டுக்கும் அதே சட்டையில்தான் அவர் மாமனார் வந்திருந்தார், ஒரே துணியில் இருவரும் தைத்தார்களாம். நீதிபதி என்னையும் பார்த்தார், மாமனாரையும் பார்த்தார். எனக்கு அன்றைக்குக் கோட்டைக் கழற்றிவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

குமாஸ்தா அண்ணே, பின்பெஞ்சு யோசனை அருமை. ஆனால் இலவச வக்கீல் பற்றிச் சொன்னதை நானும் ஏற்க மாட்டேன். எங்கள் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் என்னைத் திணறடிக்கக்கூடிய இரண்டு பேரில் ஒருவர் சட்ட உதவியில்தான் இருக்கிறார்.

குமாஸ்தா 27

சரி, அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நான் சொன்னது, பட்டியலில் இருக்கும் வக்கீல்களுக்குக் கேஸைப் பிரித்துக் கொடுத்த அந்தக் காலத்து முறையை. இப்போது முழுநேர ஆட்கள் போட்டிருக்கிறார்கள், மாறியிருக்கலாம். ரசீது கேட்பதை மட்டும் மறக்காதீர்கள்.

செம்பருத்தி

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். குமாஸ்தா அண்ணா, அன்று மாஜிஸ்திரேட் லீவு இல்லை. டைப்பிங்கும் தாமதம் இல்லை. வக்கீல் தேவைப்பட்ட அன்று வரவில்லை, அவ்வளவுதான்.

நிலாவின் அம்மா, குத்தியதாக நினைக்கவில்லை. ஆனால் தம்பிக்கு வாய்மொழியாகக் கேட்கலாம் என்று யார் சொல்லியிருப்பார்கள்? காணொலியில் ரிமாண்ட் நீட்டிக்கும்போது பெயர் கேட்டார்களாம், சொன்னானாம். சட்டைக் காலர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா என்றான்.

அந்த வக்கீலை மாற்றினோம். ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர மூன்று நாள் இழுத்தடித்தார், மீதி ஃபீஸ் என்று இன்னும் நாலாயிரம் கொடுத்த பிறகு தந்தார். புது வக்கீலிடம் போனபோது அவர் முதலில் கேட்டது “எந்தத் தேதி ரிமாண்ட்?” என்றுதான். நான் வாய் திறக்கவில்லை, காலண்டரை எடுத்து மேசையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். 97-ஆம் நாள் பெயில் வந்தது. தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று கண்டிஷன்.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வாசலில்தான் நிற்கிறார். போன தடவை என்னை அடையாளம் தெரியாமல், “அக்கா, வக்கீல் பார்த்தாச்சா?” என்றார்.