மாடி பாத்ரூம் வேலை: மூணு கொட்டேஷன், மூணும் மூணு கணக்கு. எதை எப்படி ஒப்பிடுவது?

பாளைவாசி:

பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் 1998-ல் கட்டிய வீடு. மாடியில் 7-க்கு 5 அடி பாத்ரூம், நேர் கீழே அடுக்களை. அடுக்களை சீலிங்கில் ஈரம் படர்ந்து பூச்சு உதிர்கிறது. அம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை, அதனால் இந்தியன் கிளாசெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைக்க வேண்டும். டைல்ஸ், ஷவர், கீஸர் லைன் எல்லாம் புதிது.

மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதல் ஆள் பொருளும் கூலியும் சேர்த்து 1,85,000. இரண்டாமவர் 98,000 என்கிறார். 'பாத்ரூம் ஃபுல் ஒர்க்' என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரி, பாதிப் பணம் அட்வான்ஸ். மூன்றாமவர் கூலி மட்டும்: டைல்ஸ் ஒட்ட சதுர அடிக்கு 50, பிளம்பிங் பாயிண்டுக்கு 900, உடைக்க நாள் சம்பளம். எது நியாயமான கணக்கு? எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்?

ரசமட்டம்:

மூணு பேரும் மூணு வேற வேலைக்கு விலை சொல்லியிருக்காங்க. எது கூட, எது குறைவுன்னு இப்ப பார்க்க வழியே இல்லை. வேலை லிஸ்ட்டை நீங்க எழுதி, ஒரே தாளை மூணு பேர் கையிலயும் கொடுங்க. விலையை மட்டும் அவங்க நிரப்பட்டும்.

அந்தத் தாள்ல முதல் வரி: சங்கன் (பாத்ரூமுக்காகப் பள்ளமா இறக்கிப் போட்ட தளம்) உடைக்கணுமா, இல்லையா? அந்தக் காலத்து மாடி பாத்ரூம்ல பெரும்பாலும் தளத்தை 9 இன்ச், 1 அடின்னு இறக்கிப் போட்டு, அதுக்குள்ள பைப் ஓட்டி, செங்கல் துண்டும் மண்ணும் கொட்டி நிரப்பியிருப்பாங்க. டைல்ஸ் ஜாயிண்ட் வழியாவும் டிராப் (கழிவு இறங்குற வாய்) ஓரமாவும் இறங்குற தண்ணி அந்த நிரப்புக்குள்ள தேங்கி நின்னு, கான்கிரீட் வழியா கொஞ்சம் கொஞ்சமா கசியும். உங்க அடுக்களை ஈரத்துக்கு முதல் சந்தேகம் அங்கதான். பழைய டைல்ஸ் மேலயே புதுசு ஒட்டினா பாத்ரூம் பளபளன்னு ஆகிடும், தேங்கின தண்ணி அப்படியே கிடக்கும். 98,000-க்கும் 1,85,000-க்கும் நடுவுல இருக்கிற பணத்துல பெரும்பங்கு இந்த ஒரு வரியிலதான் இருக்கும்னு நினைக்கிறேன். ரெண்டாவது ஆளை முதல்ல இதைத்தான் கேளுங்க.

உடைச்சா என்ன வரும்னு கணக்குப் போடுங்க. 35 சதுர அடி, ஆழம் 10 இன்ச்னா 29 கன அடி. உடைச்சு அள்ளும்போது ஒன்றரை மடங்கு ஊதும், 44. சுவர் டைல்ஸும் பழைய பூச்சும் இன்னொரு 30. ஆக முக்கால் யூனிட் (100 கன அடி ஒரு யூனிட்) ரப்பிஷ். சிமெண்ட் சாக்குல தூக்குற அளவுக்குக் கட்டினா 80, 90 சாக்கு. மாடியிலிருந்து இறக்கி, குட்டியானையில நாலு நடை. இந்தக் கூலி எழுத்துல இல்லைன்னா வேலை தொடங்கின மூணாம் நாள் உங்ககிட்டதான் வந்து நிக்கும்.

டைல்ஸ்: சுற்றளவு 24 அடி, உயரம் 7, மொத்தம் 168. கதவு இரண்டரைக்கு 7 கழிச்சா 150. சேதாரம் 10 சதவீதம் போட்டு 165 சதுர அடி. 2-க்கு 1 அடி டைல்ஸ் 83 வேணும்; பெட்டிக்கு 5-ன்னா 17 பெட்டி. தரைக்கு 1-க்கு 1 மேட் ஃபினிஷ், 39 டைல்ஸ். பெட்டி மேல ஷேட் நம்பரும் பேட்ச் நம்பரும் ஒண்ணா இருக்கான்னு கடையிலயே பாருங்க. பின்னால ஒரு டைல்ஸ் உடைஞ்சா அதே நிறம் கிடைக்காது, ஒரு பெட்டி கூடுதலா வாங்கிப் பரண்ல போட்டுடுங்க.

மூணாவது ஆள் ரேட்டுல ஒட்டுற பரப்பு 185 சதுர அடி, 9,250 ரூபாய். கதவைக் கழிக்காம அளந்தா 10,150. அது சின்ன வித்தியாசம், அதுக்காகச் சண்டை வேண்டாம். எல்லை இல்லாத கணக்கு நாள் சம்பளத்துல உடைக்கிறதுதான். அதை ரப்பிஷ் இறக்குறதையும் சேர்த்து மொத்தமா பேசி முடிங்க. பாயிண்ட்டையும் அவர் முன்னாடியே எண்ணிடுங்க: ஃப்ளஷ் டேங்க் 1, ஹெல்த் ஃபாசெட் 1, வாஷ்பேசின் 1, கீஸர் 2, டைவர்ட்டருக்கு (சுடுதண்ணி, பச்சைத்தண்ணியைக் கலந்து ஷவருக்கோ குழாய்க்கோ திருப்புற வால்வு) சுடுதண்ணி, பச்சைத்தண்ணி, ஷவர், ஸ்பவுட் சேர்த்து 4. ஆக 9. கழிவு பாயிண்ட் 3. டைவர்ட்டரை ஒண்ணுன்னு நீங்க நினைச்சிருப்பீங்க, அவர் நாலுன்னு எண்ணியிருப்பார்.

முக்கூடல் பைப்லைன்:

அண்ணாச்சி மேல உள்ள கணக்க சொல்லிட்டாவ, டைல்ஸுக்கு உள்ள போறத நான் சொல்லுதேன்.

98-ல கட்டுன வீடுன்னா பெரும்பாலும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசுன இரும்பு) பைப்பாத்தான் இருக்கும். உப்புத் தண்ணியில உள்பக்கம் துரு கட்டி, முக்கால் இன்ச் பைப்பு பென்சில் போற அளவுக்குச் சுருங்கிரும். பாதிய விட்டுட்டு பாதிய மாத்துதேன்னு சொன்னா ஒத்துக்கிடாதீங்க. புதுசும் பழைய ஜி.ஐ.யும் சேருத இடந்தான் முதல்ல ஒழுகும். 'பிராண்டட் பைப்'னு கொட்டேஷன்ல எழுதுனா அதுல ஒண்ணுமே இல்ல. கம்பெனி பேரு, அளவு, எஸ்.டி.ஆர். நம்பர் (பைப்பு விட்டத்துக்கும் கனத்துக்கும் உள்ள விகிதம்) மூணும் வேணும். சுடுதண்ணி தாங்குத பிளாஸ்டிக் பைப்பான சி.பி.வி.சி.யில எஸ்.டி.ஆர். 11 கேளுங்க, மெயின் முக்கால் இன்ச், டேப்புக்கு அரை இன்ச். டேப்பு திருகுத இடத்துல எல்லாம் பித்தளை மறை வச்ச எல்போ. பிளாஸ்டிக் மறைய முறுக்கும்போது மயிரிழை விரிசல் விட்டுரும், டைல்ஸ் ஒட்டி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் தெரியும். கழிவுக்கு கிளாசெட் 4 இன்ச், தரை டிராப் 3 இன்ச், அடிக்கு கால் இன்ச் வாட்டம்.

கிளாசெட்டையும் டைவர்ட்டரையும் உடைக்கதுக்கு முந்தியே வாங்கி வீட்டுல வச்சிக்கிடுங்க. எஸ் டிராப் (கழிவு தரை வழியா இறங்குத) கிளாசெட்டுக்கு 9 இன்ச், 12 இன்ச்னு அளவு இருக்குல்லா, அது டைல்ஸ் ஒட்டி முடிஞ்ச சுவத்துல இருந்து பைப்பு நடு வரைக்கும். பழைய பூச்சுல இருந்து அளந்தா டைல்ஸும் பசையும் முக்கால் இன்ச்சத் தின்னுரும், டேங்க் சுவத்துல முட்டும். இந்தியன் கிளாசெட் டிராப்பு இருந்த இடத்துல வெஸ்டர்ன் அப்படியே உக்காராது, லைன நகத்தணும். இது 900 ரூபா பாயிண்டுல சேருமா, தனியான்னு கேட்டு எழுதிக்கிடுங்க. டைவர்ட்டர் பாடி மேல குறைஞ்சது, கூடுனதுன்னு ரெண்டு கோடு போட்டிருக்கும். முடிஞ்ச டைல்ஸ் முகம் அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல வரணும். கூட உள்ள போயிட்டா கைப்பிடி எட்டாது, டைல்ஸ உடைக்கணும்.

கீஸருக்கு 16 ஆம்பியர் பாயிண்ட், எர்த்தோட. அம்மாவுக்குக் கைப்பிடிக் கம்பி வைக்கணும்னா இப்பவே கிளாசெட்டுல உக்காந்து கை எட்டுத உயரத்தக் குறிச்சிக்கிடுங்க. நாலரை இன்ச் சுவருன்னா அந்த இடத்துல கல்ல எடுத்து கான்கிரீட் அடைச்சிரணும். ஆள் பாரம் தாங்கணும்லா.

பைப்பு ஒட்டி ஒரு நாள் விட்டு, எல்லா வாயையும் பிளக் போட்டு அடைச்சு, கை பம்பு வச்சு 10 கிலோ தண்ணி அழுத்தம் ஏத்தணும். ஒரு மணி நேரம் பம்பு மீட்டர் முள்ளு அசையக் கூடாது. அதுக்குப் பொறவு சுவத்துல டேப்ப விரிச்சுப் பிடிச்சு, பைப்பு ஓடுத இடத்த எல்லாம் போட்டோ எடுத்துக்கிடுங்க. கண்ணாடி மாட்ட துளை போடும்போது அந்த போட்டோதான் காப்பாத்தும்.

பாளைவாசி:

நன்றி அண்ணாச்சி, இரண்டு பேருக்கும். இரண்டாமவரிடம் கேட்டேன். சங்கன் உடைக்கத் தேவையில்லை, பழைய டைல்ஸை மட்டும் கொத்திவிட்டு, சிமெண்டில் வாட்டர் புரூஃப் லிக்விட் கலந்து பூசினால் போதும் என்கிறார். அது நிற்குமா? பணத்தை எந்தக் கணக்கில் பிரித்துக் கொடுப்பது?

ரசமட்டம்:

நிக்காது. அந்த லிக்விட் கலவைக்குள்ள நீர் ஊடுருவுறதைக் குறைக்கும், அவ்வளவுதான். கலவையில விரிசல் விழுந்தா தண்ணிக்கு வழி கிடைச்சிடும். அதோட, தேங்கி நிக்கிற பழைய தண்ணிய அது ஒண்ணும் செய்யாது.

சங்கனைக் காலி பண்ணி, அடித் தளத்தைக் கழுவிக் காயவிட்டு, விரிசலை வி வடிவத்துல கொத்தி அடைக்கணும். கழிவு பைப் தளத்தைத் துளைச்சுப் போற இடத்தைச் சுருங்காத கிரவுட் (சிமெண்ட் குழம்பு) ஊத்தி அடைக்கணும். தரையும் சுவரும் சேர்ற மூலையைக் கலவையால உருட்டி விடணும். நேர்மூலையாவே விட்டா பூச்சு அங்கதான் அறுந்து போகும். அதுக்கு மேல பவுடரும் திரவமும் தனித்தனியா வர்ற பாலிமர் கோட்டிங், ரெண்டு கை. முதல் கை நீளவாக்கு, காஞ்சதும் ரெண்டாவது கை குறுக்கே. பிரஷ் லேசா ஓடணும்னு தண்ணி கலப்பாங்க, விடாதீங்க. சுவர்ல தரைமட்டத்துக்கு மேல 1 அடி, ஷவர் பக்கம் 6 அடி ஏறணும்.

அப்புறம் டிராப் வாயை அடைச்சு 2 இன்ச் தண்ணி கட்டி 48 மணி நேரம். இதுல ஒரு ஏமாற்றம் இருக்கு: மட்டம் கொஞ்சம் இறங்கினா 'வெயில்ல ஆவியாப் போச்சு'ன்னு சொல்லிடுவாங்க. நேர்ச்சுவரா இருக்கிற ஒரு டப்பாவுலயும் தண்ணி ஊத்தி, அந்தத் தண்ணிக்குள்ளயே கல் பாரம் வச்சு நிறுத்துங்க. சுவர்ல ஒரு பென்சில் கோடு, டப்பாவுக்குள்ள ஒரு கோடு. ரெண்டும் ஒரே அளவு இறங்கினா ஆவி. தரைத் தண்ணி மட்டும் கூட இறங்கினா கசிவு. கீழ அடுக்களை சீலிங்கையும் டார்ச் அடிச்சுப் பாருங்க. பழைய ஈரம் காய நாளாகும், அதனால ஈரத்தோட ஓரத்தை முதல் நாளே சாக்பீஸால கோடு போட்டு வச்சு, அது கோட்டைத் தாண்டுதான்னு கவனியுங்க.

நிரப்புறதுக்கு உடைச்ச ரப்பிஷையே திரும்பப் போட விடாதீங்க. ஏ.ஏ.சி. பிளாக் (காத்துக் குமிழி உள்ள சிமெண்ட் கல்) துண்டு பாரம் குறைவு. மேல கான்கிரீட் போட்டு, வாட்டத்தை அங்கயே எடுத்து, அதுக்கு மேலயும் ஒரு தடவை கோட்டிங். 5 அடிக்கு 1 இன்ச் வாட்டம் போதும்.

பணம்: பொருளை நீங்களே கடையில வாங்குங்க, பில் உங்க பேர்ல இருக்கட்டும். கூலியை மட்டும் பிரிங்க. அட்வான்ஸ் 10 சதவீதம். உடைச்சு, பைப் ஓட்டி, பிரஷர் நின்ன பிறகு 20. தண்ணி கட்டிப் பார்த்த பிறகு 25. டைல்ஸ் முடிஞ்சதும் 25. ஃபிட்டிங்ஸ் மாட்டினதும் 10. மிச்சம் 10 ஒரு மாசம் புழங்கின பிறகு. பாதி அட்வான்ஸ் கொடுத்துட்டா தண்ணி கட்டுற ரெண்டு நாளை உங்களால கேட்டு வாங்க முடியாது. ஆளுக்கு அந்த ரெண்டு நாள் சும்மா போகும், வேற சைட்டுக்குப் போயிட்டு வரட்டும். அதை முன்னாடியே சொல்லி வச்சா மனஸ்தாபம் இல்லை.

திசையன்விளை:

ரெண்டு மூணு விஷயம் விட்டுப்போச்சு. கொட்டேஷனில் 'ஆத்து மணல்' என்று இருந்தால் எங்கிருந்து என்று கேளுங்கள். தாமிரபரணியில் மணல் அள்ள 2010-லேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. கட்டுக்கு எம் சாண்ட் (கல்லை உடைத்த மணல்), பூச்சுக்கு அதிலேயே சன்னமான பி சாண்ட் என்று எழுதி வாங்குங்கள். உப்பு ஏறிய மணலோ, உப்புப் போர் தண்ணீரோ கலவையில் போனால் பூச்சில் வெள்ளையாகப் பூக்கும். மாநகராட்சித் தண்ணீரில் கலக்கச் சொல்லுங்கள். கீஸருக்கும் அந்த லைன் கிடைத்தால் கொடுங்கள். ஷவர் ரப்பர் முனை உள்ளதாக வாங்கினால் உப்பு அடைப்பை விரலால் தேய்த்தே எடுத்துவிடலாம்.

சுவருக்கு செராமிக் என்றால் ஊறவைத்து சிமெண்டில் ஒட்டலாம். விட்ரிஃபைட் நீரை உறிஞ்சாது, சிமெண்ட் பால் பிடிக்காது, பசைதான். 20 கிலோ மூட்டை 3 மிமீ கனத்தில் 45 சதுர அடி போல வரும். சுவருக்கும் தரைக்கும் 5 மூட்டை வைத்துக்கொள்ளுங்கள். பல் கரண்டியால் இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய கையோடு ஒரு டைல்ஸை உரித்துத் திருப்பிப் பாருங்கள், முதுகு முழுக்கப் பசை இருக்க வேண்டும். நடுவில் ஐந்து உருண்டை மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தரை ஜாயிண்டுக்கு எபாக்ஸி, வெள்ளை சிமெண்ட் வேண்டாம்.

மொத்தம் மூன்று வாரம் பிடிக்கும். பங்குனி உத்திரத்துக்குக் கொத்தனார், சித்தாள் எல்லோரும் அவரவர் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள், ஊர்க் கோயில் கொடைக்கும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சங்கன் காயாது, ஈரத்தின் மேல் கோட்டிங் அடித்தால் உரிந்துவிடும். இந்த நாட்களைக் காலண்டரில் அடித்துவிட்டு, ஆளைக் கேட்டு அவர் வாயால் தேதி சொல்ல வைத்து, அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.